காய்ச்சலுக்கு வாழ்த்துச் சொன்னவர்

காய்ச்சலில் படுத்திருப்பவனின் கையைப் பிடித்துக் குலுக்கி, "குடுத்து வச்சவன்யா நீ!" என்று வாழ்த்துச் சொன்ன மனிதர் இந்தப் பூலோகத்திலேயே ஒருவர்தான். அவர் கம்பத்தில், எங்கள் காம்பவுண்டில், நாலாம் நம்பர் வீட்டில் குடியிருந்தார். பெயர் நூத்திரெண்டு. பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

கேரளத்து மலையில் ஒரு ஏலக்காய் எஸ்டேட்டில், காய் உலர்த்தும் அறைக்கு முப்பது வருடம் சூடு பார்த்த ஆள் அவர். சூடு கூடினால் காய் நிறம் போய்விடும், குறைந்தால் பூஞ்சை பிடித்துவிடும். வேலையை விட்டு மலை இறங்கி வந்த பிறகும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. மற்றவர்கள் பேனா குத்தும் பையில் இவர் தெர்மாமீட்டர் குத்தியிருப்பார். வணக்கம் சொன்னால் பதில் வணக்கம் வராது. புறங்கையை நம் நெற்றியில் வைத்து, "எம்புட்டு?" என்பார். எம்புட்டு என்று நமக்கு எப்படித் தெரியும்? வாயைத் திறப்பதற்குள் தெர்மாமீட்டர் உள்ளே போயிருக்கும். கழுவித்தான் வைப்பார், அதில் குறை சொல்ல முடியாது. தொண்ணூற்றெட்டு காட்டினால் முகம் தொங்கிவிடும். "சே, சப்புனு இருக்கு" என்று நகர்ந்துவிடுவார். நூற்றிரண்டு காட்டினால் போதும், அன்றைக்கு அவருக்குத் தீபாவளி.

இந்தக் கிறுக்கு அவருக்குத் தானாகப் பிடித்ததில்லை. அவருடைய அக்கா மகள் பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருந்தாள். காய்ச்சல் அளவுக்குச் சூடு ஏறினால் செல்லுக்குள் என்ன நடக்கிறது, அப்போது உண்டாகும் ஒரு புரதம் புற்றுநோயை எதிர்க்கும் சக்தியை எப்படி மாற்றுகிறது என்பது அவள் படிப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் போன் செய்தால், இவர் ஸ்பீக்கரைப் போட்டு, காம்பவுண்டுக் குழாயடி மேடையில் வைத்துவிடுவார். குடம் நிரப்ப வந்த பெண்களெல்லாம் புரதம் படித்துவிட்டுத்தான் வீடு திரும்பினார்கள்.

அவள் சொல்வதை எங்கள் ஊருக்குத் தோதாக மாற்றிச் சொல்வது நூத்திரெண்டின் பொறுப்பு.

"ஏப்பா, விடியக்காலம் எஸ்டேட்டு ஜீப்பு வந்து ஆரன் அடிக்குதுல்ல? பொம்பளையாளுக சோத்து வாளியத் தூக்கிட்டு எப்படி ஓடி வருதுக? காய்ச்சல்ங்கறது அந்த ஆரன். ஒடம்பு சூடானா காவல் செல்லுக எல்லாம் வெரசாக் கெளம்பும்."

"அப்ப அந்தப் புரதம்?" என்று நான் கேட்டேன்.

"அது தரகரு. செல்லு சூட்டுல தவிக்கையில, உள்ள இருக்கிற சாமான் செட்டெல்லாம் நெளிஞ்சு போகாமத் தாங்கிப் பிடிக்கும். புத்துநோய்ச் செல்லு செத்து ஒடைஞ்சா, அதுல ஒரு துண்டக் கையில பிடிச்சுக்கிட்டு வெளிய வரும். மார்க்கெட்டுல திராச்சக் கொலைய சாம்பிள் காட்டுறாகள்ல, அந்த மாதிரி காவல் செல்லுகிட்டக் காட்டி, 'இன்ன சரக்கு அங்கன கெடக்கு, அடையாளம் பாத்துக்க'ன்னு சொல்லும்."

"நல்ல ஆளுதான்னு சொல்லுங்க."

"அப்படிச் சொல்லிற முடியாது. உள்ள இருக்கிற வரைக்கும் அந்தப் புத்துநோய்ச் செல்லையே சாக விடாமக் காப்பாத்துறதும் இந்தப் பயதான். ரெண்டு பக்கமும் கமிஷன் வாங்குறவன்!"

போனுக்குள்ளிருந்து அக்கா மகள் கத்துவாள். "மாமா, இதுல முக்காவாசி எலியிலதான் பாத்திருக்கோம்! ஊர்ல போய் எதையாச்சும் சொல்லி வைக்காதீங்க!"

நூத்திரெண்டு எங்களைப் பெருமையாகப் பார்ப்பார். "கேட்டீகளா? எலிக்குச் சரியாப் போச்சாம்."

ஒருமுறை வீட்டு ஓனருக்குச் சளிக் காய்ச்சல். நூத்திரெண்டு அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கிரிக்கெட் வர்ணனை மாதிரி ஆரம்பித்துவிட்டார். "நூறு... நூறே முக்கால்... விடாதீக, இன்னும் கொஞ்சந்தான்... நூத்தி ஒண்ணு!" ஓனர் மாத்திரைக்குக் கை நீட்டினார். இவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, எலி எப்படித் தேறியது என்று விளக்கினார். "நான் என்ன எலியாய்யா?" என்று ஓனர் அலறியதும் அவர் மனைவி விளக்குமாறோடு வந்தார். அத்துடன் ஆட்டம் முடிந்தது.

இன்னொருமுறை, சித்திரை மாதத்து நட்டநடுப் பகலில் மொட்டை மாடியில் இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். தனக்குத் தானே நூற்றிரண்டு வரவழைத்துக் காட்டுவதாகச் சபதம். வந்தது வேர்க்குரு. அந்த ஞாயிறு அக்கா மகள் திட்டிய திட்டைக் குழாயடியே தண்ணீரை நிறுத்திவிட்டுக் கேட்டது.

இப்படிச் சிரிப்பும் கும்மாளமுமாக இருந்த காலத்தில்தான் என் மனைவி மல்லிகாவுக்கு மார்பில் கட்டி என்றும், அது புற்றுநோய் என்றும் தேனியில் சொன்னார்கள். அவள் இல்லாத வீடு என்று நினைத்துப் பார்க்கக்கூட எனக்குத் தைரியமில்லை.

நூத்திரெண்டு வந்தார். யாருடைய நெற்றியிலும் கை வைக்கவில்லை. அக்கா மகளுக்குப் போன் போட்டார். அவர் ஸ்பீக்கர் போடாமல் பேசி அன்றுதான் பார்த்தேன். வெகுநேரம் பேசிவிட்டு என்னிடம் சொன்னார். "டாக்டர் சொல்றத மட்டும் கேக்கச் சொன்னா. சூடு சமாச்சாரம் இன்னும் பரீட்சையிலதான் இருக்காம். வைத்தியத்துக்கு அது பதிலு இல்லையாம். மனசுல வச்சுக்கப்பா."

மனதில் எங்கே வைத்தேன்? கீமோ மருந்து ஏற்றி அனுப்பும்போது டாக்டர் ஒரு சீட்டுக் கொடுத்தார். அதைப் பத்திரமாகக் காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டு, அதில் என்ன எழுதியிருந்தது என்பதைச் சுத்தமாக மறந்துபோனேன். பல வருட ஞாயிற்றுக்கிழமைகளில் மண்டையில் ஏறிய ஜீப்பு ஆரன் மட்டும் அப்படியே இருந்தது.

ஒன்பதாம் நாள் காலை ஆறு மணிக்கு மல்லிகாவின் நெற்றி கொதித்தது. தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். நூற்றி ஒன்று. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"மல்லிகா, ஆரன் அடிச்சிருச்சு!"

"எந்த ஆரன்? எனக்குக் குளுருதுங்க" என்றாள் பல் கிட்ட.

நாலாம் நம்பருக்கு ஓடினேன். நூத்திரெண்டு பல் விளக்கிக்கொண்டிருந்தார். "அண்ணே, நூத்தி ஒண்ணு! தானா வந்திருக்கு!" என்று கையை நீட்டினேன். அவர் அதைக் குலுக்கவில்லை.

"மருந்து ஏத்தி எத்தன நாளாச்சு?"

"ஒம்போது."

"அடக் கூறு கெட்டவனே! அந்த மருந்து காவல் செல்லையும் சேத்துல்ல கொறச்சு வச்சிருக்கு! ஆரன் அடிக்குது, ஏற ஆளு இல்லடா! எவனோ கிருமிப்பய உள்ள புகுந்துட்டான். டாக்டர் சீட்ட எங்க?"

ஓடிப்போய்க் காலண்டரைத் தூக்கினேன். காய்ச்சல் வந்தால் எந்த நேரமானாலும் உடனே வரவும் என்று அதில் பெரிய எழுத்தில் இருந்தது.

அதற்குள் அவர் வாயில் பேஸ்ட் நுரையோடு தெருமுனைக்கு ஓடி, மலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த எஸ்டேட் ஜீப்பின் முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றார். "ஆத்தாமாரே, எறங்குங்க! மல்லிகாவுக்குக் காய்ச்சலு!"

அத்தனை பெண்களும் மறுபேச்சில்லாமல் இறங்கினார்கள். ஒருத்தி மட்டும், "காய்ச்சல் நல்லதுன்னுல்ல சொன்னீக?" என்றாள்.

"இந்தக் காய்ச்சல் இல்ல ஆத்தா!" என்று கத்தியபடியே மல்லிகாவை ஏற்றினார்.

தேனி போகும்வரை அவர் கையில் தெர்மாமீட்டர். உத்தமபாளையம் தாண்டியதும் நூற்றி ஒன்றரை. சின்னமனூரில் எடுத்துப் பார்த்தவர் வெளியே திரும்பிக்கொண்டார். எட்டிப் பார்த்தேன். நூற்றிரண்டு. ஊரே அவரைக் கூப்பிட்ட எண். அந்த மனிதர் அன்றைக்கு அதைப் பார்த்து அழுதார்.

ஆஸ்பத்திரி வாசலில் நுரை காய்ந்த வாயோடு குதித்தவரைப் பார்த்ததும், வலிப்பு என்று நினைத்து ஸ்ட்ரெச்சரை நேராக அவரிடம் தள்ளிக்கொண்டு வந்தார்கள். "எனக்கில்லய்யா, எனக்கில்ல!" என்று அவர் ஸ்ட்ரெச்சரைச் சுற்றி ஓடினார். பிறகு மல்லிகாவுக்கு ரத்தம் எடுத்து, கிருமிக்கு மருந்து ஏற்றினார்கள். "சாயங்காலம் வரைக்கும் வச்சிருந்தா உயிருக்கே ஆபத்தாகியிருக்கும்" என்றார் டாக்டர். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நூத்திரெண்டு நர்சிடம் கை கூப்பினார். "சிஸ்டர், எப்பிடியாச்சும் கொறச்சு விடுங்க."

மூன்றாம் நாள் காலை அவரே வைத்துப் பார்த்துவிட்டு, வெகுநேரம் தெர்மாமீட்டரைக் கீழே வைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"எம்புட்டுண்ணே?" என்று இந்தத் தடவை நான் கேட்டேன்.

"தொண்ணூத்தெட்டு."

"சப்புனு இருக்கா?"

"போப்பா அங்கிட்டு. அம்சமா இருக்கு."

மல்லிகா வைத்தியம் முடிந்து நன்றாக இருக்கிறாள். அந்த ஜீப்புப் பெண்கள் இன்றைக்கும் என்னைப் பார்த்தால், "என்ன சார், ஆரன் கேக்குதா?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். எனக்கு அது வேண்டியதுதான்.

நூத்திரெண்டு இப்போது பெங்களூரில் அக்கா மகளோடு இருக்கிறார். அந்த ஊர்க் குளிரோடு தினம் சண்டையாம். சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் போன் வரும். ஹலோ கிடையாது. என்னிடம் பேச்சும் கிடையாது.

"எம்புட்டு ஆத்தா?"

மல்லிகா நிஜமாகவே வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்வாள். "தொண்ணூத்தெட்டுண்ணே."

"சரித்தா" என்று வைத்துவிடுவார். ஆயுசு பூராவும் நூற்றிரண்டைத் தேடி அலைந்த மனுஷன், அந்த ஒரு தொண்ணூற்றெட்டைக் கேட்காமல் ராத்திரிச் சாப்பாட்டில் கை வைப்பதில்லையாம்.