மாசிலாமணிக் கரடியின் பெயர் மைக்கில் வந்த விதம்

ஒரு காட்டில் கழுதை பாடிக்கொண்டிருந்தது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. மைக், ஸ்பீக்கர் பெட்டி, ஜெனரேட்டர், ஏறிப்போகிற வேன் எல்லாமே அதற்குச் சொந்தம். சொந்தக்காரன் பாடினால் அது பாட்டுதான். கோவர்த்தனன் என்ற பெயருடைய அந்தக் கழுதை ‘காட்டுமுல்லை மெல்லிசைக் குழு’ என்று ஒன்றை நடத்திவந்தது. திருவிழா, காதுகுத்து, புதுச் சிங்கத்தின் பதவியேற்பு என்று எந்த விசேஷமானாலும் அந்தக் குழுவைத்தான் கூப்பிடுவார்கள். வேறு குழு கிடையாது.

அதில் சேர வந்தது மாசிலாமணி என்ற கரடி. அதற்குக் கிட்டார் மேல் ஆசை. குழுவில் கிட்டார் வாசிக்கிற குரங்கு தன் கிட்டாரைக் கொஞ்சம் வாசித்துப் பார்க்கக் கொடுத்தது. கரடி ஆசையாக ஒரு தட்டுத் தட்டியது. முதல் கம்பி அறுந்தது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அடுத்த கம்பியைத் தொட்டது. அதுவும் போயிற்று.

“யோவ், இது நகமா, கதிர் அரிவாளா?” என்று குரங்கு கிட்டாரைப் பிடுங்கிக்கொண்டது.

கழுதை கரடியை ஏற இறங்கப் பார்த்தது. தோள் அகலம். நல்ல முதுகு. பெட்டி தூக்க ஆள் வேண்டியிருந்தது.

“மாசி, நீ பேஸ் கிட்டார் வாசி. அதுல கம்பி கிணத்துக் கயிறு மாதிரி இருக்கும். உன்னாலயும் அறுக்க முடியாது.”

“அண்ணே, அது சத்தம் எப்படி இருக்கும்?”

“காதுல விழாது.”

“விழாதா?”

“விழாது. ஆனா இருக்கணும். பெரிய குழுவில எல்லாம் வெச்சிருக்காங்க.”

மாசிலாமணிக்கு அப்போதே கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வேலை கிடைத்த சந்தோஷத்தில் இருப்பவனுக்கு எதுவும் உறைக்காது. பிற்பாடு, படுத்துக்கொண்டு யோசிக்கும்போதுதான் ஒவ்வொரு வார்த்தையாக உறைக்கும்.

மறுநாள் கரடி நரியின் வாத்தியக் கடைக்குப் போயிற்று. குரங்கும் கூட வந்தது. அதற்குப் பேஸ் கிட்டாரைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதனால் யோசனை நிறையச் சொன்னது.

“வாங்க சார், வாங்க!” என்றது நரி. “நாலு கம்பி பாக்குறீங்களா, அஞ்சா, ஆறா?”

“எத்தனை இருந்தா நல்லதுங்க?”

“அது உங்க ஸ்டேட்டஸைப் பொறுத்தது சார்.”

குரங்கு ஊதா நிறத்தில், தீப்பிடித்த மாதிரி வளைந்து நெளிந்த ஒன்றைக் காட்டியது. “இதை எடுய்யா. போட்டோவுல அள்ளும்.”

கரடி அதைத் தோளில் மாட்டிக் கையை எடுத்தது. உடனே கிட்டாரின் கழுத்து கனத்துத் தலை தரையைப் பார்த்துக் கவிழ்ந்தது.

“தலை சாயுதேங்க?”

“அது மரியாதை சார். சபைக்கு வணக்கம் சொல்லுது.”

அடுத்து, பேட்டரி போட்ட ஐந்து கம்பிக் கிட்டார். பேட்டரி இருந்தால் சத்தம் தூக்கிக் கொடுக்கும் என்றது நரி. தீர்ந்துபோனால்? தூக்காது. கம்பிகள் வேறு நெருக்கி நெருக்கி இருந்தன. கரடி ஒன்றை இழுத்தால் பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி இன்னொன்றும் கூடவே பேசியது. கரடி அதையும் கீழே வைத்தது.

கடை மூலையில் மண் நிறத்தில் ஒன்று நின்றது. நாலு கம்பி. கழுத்து கொஞ்சம் குட்டை. நரி தன் மழைக்கோட்டை அதன் மேல்தான் மாட்டியிருந்தது. கரடி கோட்டை எடுத்துவிட்டு, கீழே உட்கார்ந்து, கிட்டாரை வயிற்றின் மேல் சாய்த்து, இரண்டு கையையும் விட்டுப் பார்த்தது. அசையவில்லை. கழுத்தில் முதல் கட்டையிலிருந்து நாலாம் கட்டை வரை கையை இழுத்துப் பிடிக்காமலே எட்டியது. தடித்த கம்பியை ஒருமுறை தட்டியது. காதுக்கு வருவதற்கு முன்னால் வயிற்றுக்கு வந்துவிட்டது அந்தச் சத்தம்.

“இதுதாங்க.”

“அதுவா?” நரிக்கு முகம் சுருங்கிவிட்டது. “அது அழகா இல்லையே சார்.”

“நானும்தான்.”

வாசிக்கக் கற்றுக்கொள்ள வேண்டுமே. செல்போனில் நாரை ஒன்று பேஸ் கிட்டார் பாடம் நடத்துவதாகக் கேள்விப்பட்டுக் கரடி அதைப் பார்த்தது. நாரை ஒற்றைக் காலில் நின்றுகொண்டு வணக்கம் சொன்னது. திரையில் தெரிகிற மணியை அழுத்தச் சொன்னது. தன்னிடம் இருக்கிற கிட்டார்களை ஒவ்வொன்றாகக் காட்டியது. தான் எப்படிக் கஷ்டப்பட்டு மேலே வந்தது என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தது. பிறகு, பாடம் அடுத்த வீடியோவில் என்றது. அடுத்த வீடியோவிலும் மணியை அழுத்தச் சொன்னது.

கரடி போனை ஓரமாக வைத்துவிட்டுப் பழைய பாட்டுகளைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டது. முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு ஒருநாள் பிடிபட்டது. பாட்டுக்கு அடியில் இன்னொரு பாட்டு நடந்துகொண்டிருந்தது. மேலே ஒருத்தன் காதலியைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வற்றுகிறான். கீழே ஒருத்தன் காலடி கேட்காமல் நடந்துபோகிறான். அவன் எங்கே திரும்புகிறானோ அங்கேதான் மேலே இருப்பவனும் திரும்புகிறான். திரும்பியது தானே என்று மேலே இருப்பவன் நினைத்துக்கொள்கிறான்.

அந்த நடையை மாசிலாமணி கட்டை கட்டையாகத் தேடிப் பிடித்தது. குழுவில் டிரம்ஸ் வாசித்தது பெஞ்சமின் என்ற மரங்கொத்தி. அது பெரிய டிரம்மைக் காலால் மிதிக்கிறபோது ‘தும்’ என்று விழும் இல்லையா, அதே நொடியில் தன் கம்பியும் விழ வேண்டும் என்று கரடி கண்டுகொண்டது. முன்னாலும் கூடாது, பின்னாலும் கூடாது. எங்கே வாசிக்காமல் சும்மா இருக்க வேண்டும் என்பதையும் கற்றுக்கொண்டது. அதுதான் இருப்பதிலேயே கஷ்டமாக இருந்தது. குரங்குக்கு அது கடைசிவரை வரவில்லை.

மாசிலாமணி வந்தபிறகு கழுதையின் பாட்டே ஓரளவு காதுகொடுத்துக் கேட்கும்படி ஆகிவிட்டது. தன் குரல் பக்குவப்பட்டுவிட்டது என்றது கழுதை. எல்லாரும் ஆமாம் என்றார்கள்.

கச்சேரிகளில் ஒரு வழக்கம் உண்டு. பாதியில் பாட்டை நிறுத்தி, வாசிக்கிறவர்களை ஒவ்வொருவராக மைக்கில் அறிமுகப்படுத்துவார்கள். பெயர் சொன்னதும் அவர் ஒரு பிட்டு வாசிப்பார். கூட்டம் கைதட்டும். கழுதை குரங்கின் பெயரைச் சொல்லும். பெஞ்சமின் பெயரைச் சொல்லும். கரடியிடம் வரும்போது ஏதாவது ஒன்று வந்துவிடும். ஒரு ஊரில் தண்ணீர் குடித்தது. ஒரு ஊரில், வழிதவறிய ஆட்டுக்குட்டி ஒன்று மேடைக்குப் பின்னால் அழுகிறது என்று அறிவித்தது. இன்னொரு ஊரில் காரணமே இல்லாமல் அடுத்த பாட்டுக்குப் போய்விட்டது.

“அண்ணே, என் பேரு…”

“மாசி, உன்னைச் சொல்லித்தான் தெரியணுமா?”

“யாருக்குத் தெரியும்ணே?”

“எனக்குத் தெரியுமேடா!”

பெஞ்சமின் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. கரடி இல்லாவிட்டால் தாளம் நிற்காது என்று அதற்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் தன் டிரம்ஸ் குச்சியைத் துடைத்துக்கொண்டிருந்தது. கழுதை தெரியாமல் செய்ததைக்கூடக் கரடி ஒருநாள் மறந்திருக்கும். தெரிந்தவன் குச்சி துடைத்ததை மறக்கவில்லை.

இப்படி இருக்கையில் இலுப்பைக் காட்டுத் திருவிழாவுக்குக் கச்சேரி ஒப்பந்தமாயிற்று. அது மாசிலாமணியின் மாமனார் காடு. அதன் மனைவி பேச்சியம்மாள் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு முன்னாடியே போய் முதல் வரிசைக்குப் பின்னால் இடம் பிடித்துவிட்டது. மேடை கட்டும் இடத்துக்கு மைத்துனன் செண்பகராசு வந்தது.

“வாங்க மாப்ள! பொட்டி எல்லாம் எறக்கியாச்சா?”

“நான் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன் மச்சான்.”

“அது சரி. பொட்டிய யாரு தூக்குறது?”

“நான்தான்.”

“அப்ப நான் கேட்டது சரிதானே?” என்று சிரித்துவிட்டுப் போனது செண்பகராசு.

பேச்சியம்மாள் புருஷனை ஒரு புதருக்குப் பின்னால் கூப்பிட்டது.

“நம்ம கல்யாணத்தன்னிக்கே மாப்பிள்ளைக்கு என்ன வேலைன்னு எங்கண்ணன் கேட்டான். இன்னிக்கு வரைக்கும் நான் பதில் சொல்லிக்கிட்டே இருக்கேன். இன்னிக்கு மைக்குல உங்க பேரு வந்தாகணும். வரலைன்னா நானும் புள்ளைங்களும் இங்கேயே தங்கிக்கிறோம். நீங்க பொட்டியத் தூக்கிக்கிட்டுப் போங்க.”

கரடி கழுதையிடம் ஓடியது. “அண்ணே, இன்னிக்கு ஒருநாள் மட்டும். குடும்பமே போயிரும் போல இருக்கு.”

“என்ன மாசி இப்படிக் கெஞ்சுறே? சொல்றேன். கண்டிப்பாச் சொல்றேன்.”

கச்சேரி தொடங்கியது. பாதியில் அறிமுகம் வந்தது. குரங்கைக் ‘கிட்டார் புயல்’ என்றது கழுதை. புயல் ஓய வெகுநேரம் ஆயிற்று. பெஞ்சமினைச் சொன்னது. ஜெனரேட்டர் பார்க்கிற தவளையைச் சொன்னது. டீ கொண்டுவந்த உடும்புக்கு ஒரு பலத்த கைதட்டல் கேட்டு வாங்கியது. கரடி கிட்டாரைச் சரியாகப் பிடித்துக்கொண்டு ஓர் அடி முன்னால் வந்து நின்றது.

“அடுத்ததாக ஒரு சோகப் பாடல்!” என்றது கழுதை.

பேச்சியம்மாள் குட்டிகளைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டது. கரடி அதைப் பார்த்துவிட்டது.

சரி, பார்த்துவிடுவோம் என்று மாசிலாமணி நினைத்தது. பாட்டு தொடங்கிக் கொஞ்ச தூரம் போனதும் கையை எடுத்துவிட்டது. அடியில் நடப்பவன் நின்றுவிட்டால் மேலே இருப்பவன் குப்புற விழுவான். கூட்டம் திரும்பிப் பார்க்கும். அட, இவ்வளவு நாளும் தாங்கிக்கொண்டிருந்தது இந்தக் கரடியா என்று கேட்கும்.

பாட்டு குப்புறத்தான் விழுந்தது. பெஞ்சமின் பயந்து வேகம் கூட்டியது. குரங்கு இடைவெளியெல்லாம் தனக்கே என்று நிரப்பியது. கழுதையின் சுருதி வேலியைத் தாண்டிப் பக்கத்துக் காட்டுக்குப் போயிற்று. குரல் தேம்பித் தேம்பி உடைந்தது.

முன்வரிசையில் இருந்த எருமை மூக்கை உறிஞ்சியது. “என்னமா உருகிப் பாடுறாரு! பெத்த புள்ளை செத்தாக்கூட இப்படி அழ மாட்டாங்க.”

“வன்ஸ்மோர்!” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள். கழுதை கண்ணீரோடு கும்பிட்டது.

“மாப்ள கையக் கட்டிக்கிட்டு நிக்கிறாரு பாரு. களைச்சுட்டாரு போல” என்றது செண்பகராசு, சுற்றியிருந்தவர்களுக்குக் கேட்கும்படி. பேச்சியம்மாள் எழுந்து நின்று, உட்கார்ந்திருந்த துணியை உதறி மடிக்க ஆரம்பித்தது.

மறுபடியும் அதே பாட்டு. உச்சத்தில் கழுதை ஒரு இழு இழுத்து, மூச்சு வாங்குவதற்காக நிறுத்தியது. அந்த இடத்தில் எல்லாரும் வாத்தியத்தை நிறுத்த வேண்டும். நிறுத்தினார்கள். காடே அமைதியாக இருந்தது. மாசிலாமணிக்கு உள்ளே இருந்த அத்தனையும் கைக்கு வந்தது. ஆம்ப்ளிஃபயரின் குமிழைக் கடைசிவரை திருகி, அந்தப் பாட்டுக்குச் சற்றும் சம்பந்தம் இல்லாத ஒரு ஸ்வரத்தைத் தேடி, ஓங்கி ஒரு அடி அடித்தது.

முன்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த, திருவிழாவை நடத்துகிற யானைத் தலைவர் எழுந்தே நின்றுவிட்டார். இலுப்பை மரத்து வௌவால்கள் கலைந்தன. கழுதை திரும்பியது. மைக் வாயருகே இருந்தது அதற்கு நினைவில்லை.

“டேய் மாசிலாமணி! என்னடா பண்றே அங்க? மாசிலாமணி!”

எட்டு ஸ்பீக்கரிலும் அந்தப் பெயர் வந்தது. மலையில் பட்டு இன்னொரு தடவையும் வந்தது.

செண்பகராசு துள்ளி எழுந்தது. “எங்க மாப்ள! அது எங்க மாப்ளய்யா!” இலுப்பைக் காட்டுக் கரடிகள் எல்லாம் எழுந்து விசில் அடித்தன. பேச்சியம்மாள் மடித்த துணியை மறுபடி விரித்து உட்கார்ந்தது.

கழுதைக்கு வேறு எது தெரியாவிட்டாலும் கைதட்டல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியும். “ஆம், ரசிகப் பெருமக்களே! நமது பேஸ் கிட்டார் சக்கரவர்த்தி மாசிலாமணி வழங்கிய புதுமை!” என்றது.

“அதை இன்னொரு தரம் போடச் சொல்லு” என்றார் யானைத் தலைவர்.

அதன்பிறகு எந்தக் காடு கச்சேரி கேட்டாலும் அந்த ஒரு அடி உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் பேசினார்கள். ‘மாசிலாமணி அடி அடிப்பது எப்படி’ என்று நாரை வீடியோ போட்டது. குட்டிகள் அதைப் பார்த்து வீட்டுக்கு வீடு அடித்துப் பழகின. மேடையில் கரடிக்கு முன்வரிசையில் இடம் கிடைத்தது. பெட்டி தூக்க ஒரு காட்டுப்பன்றியைச் சேர்த்தார்கள். அதன் பெயரைக் கரடி கேட்டுக்கொள்ளவில்லை.

ஒருநாள் கச்சேரியில் மாசிலாமணி ஏதோ நினைப்பில் இருந்துவிட்டது. கழுதை மூச்சு வாங்கும் இடம் வந்தது. கரடி பழைய பழக்கத்தில், சரியாக, சும்மா இருந்துவிட்டது. பாட்டு அழகாக முடிந்தது. யாரும் கைதட்டவில்லை.

வேனில் ஏறும்போது கழுதை முறைத்தது.

“இன்னிக்கு என்ன மாசி, மானத்தை வாங்கிட்டே? கவனம் எங்கே இருக்கு? சாதகம் பண்றதே இல்லையா?”

“தப்புதான்ணே” என்றது மாசிலாமணி. அடுத்த நாள் விடியும் முன்பே எழுந்து உட்கார்ந்து, அந்தத் தப்பான ஒரு ஸ்வரத்தை, பிசகாமல் வரும்வரை அடித்து அடித்துப் பழகியது.

நீதி: சரியாக வேலை செய்கிறவனின் பெயர் யாருக்கும் தேவைப்படாது. பெயர் வேண்டுமானால், முதலாளி மூச்சு வாங்குகிற நேரம் பார்த்து, பலமாக ஒரு தப்புச் செய். பிறகு அதை மட்டும் தப்பில்லாமல் செய்துகொண்டிரு.