பேட்டரி காரில் வந்த சம்பந்தம்

ஏழாயிரம்பண்ணை,
14-9-2008, ஞாயிறு.

மரியாதைக்குரிய மச்சான் மாரிக்கண்ணன் அவர்களுக்கு,

வேலுச்சாமி எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை சோலையம்மாளும் உங்கள் மருமகள் பாண்டிச்செல்வியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். கோயம்புத்தூரில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் அவ்விதமே இருக்க இருக்கன்குடி மாரியம்மன் பார்த்துக்கொள்வாள். இங்கே மழை இல்லை. தீபாவளி சீசன் என்பதால் எங்கள் வெடி கம்பெனியில் போர்மேன் என்ற முறையில் எனக்கு மூச்சுவிட நேரமில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் பார்த்து அனுப்பிய விருதுநகர் மாப்பிள்ளை வீட்டார் இன்று காலை பெண் பார்க்க வந்தார்கள். இந்தச் சம்பந்தம் நமக்குத் தோதுப்படாது. அவர்கள் மனசு நோகாமல் நீங்கள்தான் அதைச் சொல்லிவிட வேண்டும். போனில் சொல்லியிருப்பேன். ஆனால் அவர்கள் இன்னும் போகவில்லை. வாசலில் தகரக் கொட்டகைக்குக் கீழே உட்கார்ந்து என் வீட்டு விசிறியால் விசிறிக்கொண்டிருக்கிறார்கள். போனில் பேசினால் வார்த்தை வார்த்தையாகக் கேட்கும். ஆகவே லோடு கணக்கு எழுதுகிறவன் போல உள்ளே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இப்போதே எழுதாவிட்டால் உங்கள் தங்கையும் மருமகளும் சேர்ந்து என் வாயை அடைத்துவிடுவார்கள்.

என் மனசு உங்களுக்குத் தெரியும். என் தம்பி வெடிமருந்து கலக்கிற அறைக்குள் போனான், வெளியே வரவில்லை. எந்தப் பொறி, எங்கிருந்து விழுந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அன்றைக்கே முடிவு செய்தேன், என் மகளைப் பொறி பறக்கிற தொழில்காரனுக்குக் கொடுப்பதில்லை என்று. மிக்ஸியின் காற்றுத் துளை வழியாக நீலமாகப் பொறி தெரிகிறது என்பதற்காக இன்றுவரை இந்த வீட்டில் மிக்ஸி கிடையாது. உங்கள் தங்கை அம்மியில்தான் அரைக்கிறாள், அரைக்கும்போதெல்லாம் என்னைத்தான் திட்டுகிறாள். நீங்கள் "பையன் மோட்டார் கம்பெனி மாப்ள, மருந்து கிருந்து ஒண்ணும் கெடையாது" என்று சொன்னீர்கள். நம்பினேன். அவன் தானே மோட்டார் மாட்டிய பேட்டரி காரில் வந்து இறங்குவான் என்று நீங்கள் சொல்லவில்லை.

பெங்களூரில் செய்கிற இரண்டு கதவுக் காராம். பார்த்தால் பால்கோவா டப்பா அளவுதான் இருக்கிறது. முன்னால் பையன் பிரபாகரனும் அவன் அப்பா சுடலையும். பின்னால் அவன் அம்மா அய்யம்மாள், பழத்தட்டு, பூப்பை. அந்தம்மா உள்ளே ஏறிய விதம் தெரியாது, இறங்குவதற்குள் நல்ல நேரம் பாதி போய்விட்டது. வருகிற வழியில் இருக்கன்குடிக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்ததில் பேட்டரி பாதிக்கும் கீழே இறங்கிவிட்டதாகவும், பேச்சு முடிகிறவரை வீட்டில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாமா என்றும் பையன் மரியாதையாகத்தான் கேட்டான். நான் கம்பெனி வழக்கப்படி, இரண்டு ஷெட்டுக்கு நடுவே எவ்வளவு இடம் விடுவோமோ அவ்வளவு தள்ளிக் காரை நிறுத்தச் சொன்னேன். அவர்கள் பட்டுச்சேலையும் பழத்தட்டுமாக வெயிலில் நடந்து வந்தார்கள். பிறகு, "மோட்டார்ல பொறி உண்டா தம்பி? அதைப் பாக்காம என் வீட்டுல வயர் சொருக விடமாட்டேன்" என்று சொன்னேன். சம்பந்தி ஆகப்போகிறவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

பையன் கோபப்படவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும். "இதுல பழைய மோட்டார் இருந்தப்ப உண்டு மாமா. சுத்துற செம்பு மேல கார்பன் ஒரசிக்கிட்டே இருக்கும், பொறி வரும், கார்பனும் தேயும். அதைக் கழத்தி எறிஞ்சாச்சு. இப்ப இருக்கது நம்ம கெணத்து மோட்டார் சாதிதான். சுத்துறதை எதுவும் தொடாது. கெணத்துல மூணு பேஸ் கம்பில வருது. இங்கன பேட்டரில இருக்க கரண்டை ஒரு பெட்டி மூணு பேஸா மாத்திக் குடுக்குது. கால் எம்புட்டு அழுத்துதோ அம்புட்டுக்குக் கூட்டும், கொறைக்கும். காலை எடுத்தா அதே மோட்டார் டைனமோ மாதிரி ஆகி, பேட்டரிக்கே கொஞ்சம் திருப்பிக் குடுத்துரும்" என்றான். எல்லாம் சரிதான். ஆனால் வாயால் சொன்னதை நம்பி நான் ஒருநாளும் ஒரு அறையைத் திறந்ததில்லை. கண்ணால் பார்க்க வேண்டும் என்றேன்.

பகலில் பொறி கண்ணுக்குத் தெரியாது. ஆகவே காரை ஜாக்கியில் தூக்கி, பின்பக்கம் முழுக்கத் தார்ப்பாய் போட்டு மூடி, அதற்குள் நானும் மாப்பிள்ளையும் மல்லாக்கப் படுத்தோம். நான் கட்டியிருந்தது நீங்கள் பொங்கலுக்கு எடுத்துக்கொடுத்த எட்டுமுழ வேட்டி. யாராவது காருக்குள் உட்கார்ந்து மிதிக்க வேண்டும். சுடலை மாட்டேன் என்றுவிட்டார். காப்பித் தட்டோடு வந்த பாண்டிச்செல்வி தட்டைத் தன் அம்மா கையில் கொடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்துவிட்டாள். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் டிரைவர் சீட்டிலும், பெண்ணின் அப்பனும் மாப்பிள்ளையும் காருக்கு அடியிலும் இருந்ததைத் தெருவே நின்று பார்த்தது. சக்கரம் சுற்றியது. நான் கண்ணை இமைக்காமல் பார்த்தேன். பொறி இல்லை, மச்சான். ஒரு கடுகளவு கூட இல்லை. மோட்டார் ஓடுகிற சத்தமே உங்கள் தங்கை கோபத்தில் முனகுகிற அளவுதான் இருந்தது.

அதோடு விட்டிருக்கலாம். ஜாக்கியை இறக்கியதும் பாண்டிச்செல்வி, "அப்பா, கண்மாய்க்கரை வரைக்கும் ஒரு தடவை ஓட்டிப் பாக்கட்டா?" என்று கேட்டாள். "வேண்டாம்" என்றேன். கம்பெனியில் நான் வேண்டாம் என்றால் இருநூறு பேர் கை அப்படியே நிற்கும். இவள் மிதித்துவிட்டாள். பெட்ரோல் கார் என்றால் உறுமி, இருமி, யோசித்துத்தான் நகரும். இந்த மோட்டாருக்கு நின்ற இடத்திலேயே முழுப் பலமும் இருக்குமாம். கன்னுக்குட்டி கயிற்றை அறுத்த மாதிரி பாய்ந்தது. கிளட்சும் இல்லை, கியரும் இல்லை, மொபெட் ஓட்டத் தெரிந்தவளுக்கு அதுவே போதுமாக இருந்தது. மாப்பிள்ளை "பிரேக்கை லேசா மிதிங்க" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினான். கண்மாயைச் சுற்றிவிட்டு அவளாகவே திரும்பி வந்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வருஷக்கணக்காகிறது. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. ஆனால் பேட்டரி முள் அடியோடு படுத்துவிட்டது.

சரி, சொருகுங்கள் என்று நான் சொல்லவும் கரண்டு போகவும் சரியாக இருந்தது. இந்த வருஷக் கரண்டு கட்டு உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எப்போது வரும் என்று ஈ.பி. ஆபீசில் கேட்டால் அவர்கள் நம்மைக் கேட்கிறார்கள். வந்தபிறகும் விருதுநகர் போய்ச் சேரும் அளவுக்கு ஏற சாயங்காலம் ஆகுமாம். அவர்களைக் காலையிலேயே சொருகவிடாதது என் குற்றம் என்று உங்கள் தங்கை சொல்கிறாள்.

இப்போது மத்தியானம் தாண்டிவிட்டது. இங்கேதான் சிக்கல். பேச்சு முடியாமல் பெண் வீட்டில் சாப்பிட்டுக் கை நனைக்கக் கூடாது. நனைத்துவிட்டால் அப்புறம் நான் எந்த வாயால் வேண்டாம் என்பேன்? சுடலையும் வழக்கம் தெரிந்தவர். "அதெல்லாம் ஆகட்டும் அண்ணாச்சி, நாங்க வரும்போதே சாப்ட்டுத்தான் வந்தோம்" என்று காலையில் சாப்பிட்டதை இப்போது சொல்கிறார். அய்யம்மாளுக்குச் சர்க்கரை வியாதி. நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், முகம் வாடிவிட்டது. இரண்டு தரம் மோர் கொடுத்தாயிற்று. இதற்குள் அடுக்களையில் அரிசி களைகிற சத்தம் கேட்டது. "எத்தனை பேருக்கு?" என்று கேட்டேன். உங்கள் தங்கை இன்னொரு படி அரிசியை அளந்து போட்டாள். பாண்டிச்செல்வி மட்டும் வந்து, "பொறி இல்லேன்னு நீங்களே பாத்துட்டீக. இன்னும் என்னப்பா?" என்றாள்.

என்ன சொல்வது? பையன் கெட்டவன் என்று நான் சொல்லவில்லை. எனக்குப் பயம், மச்சான். இன்றைக்குப் பொறி இல்லை, நாளைக்கு? கரண்டோடு விளையாடுகிறவன் மருந்தோடு விளையாடுகிறவனுக்குச் சொந்தக்காரன்தான். புதுசு புதுசாகக் கண்டுபிடிக்கிறவனுக்கு நிறுத்தத் தெரியாது. தாலுகா ஆபீசிலோ ரேஷன் கடையிலோ சாதுவாக ஒரு பையன் இருந்தால் பாருங்கள். கொஞ்சம் மந்தமாக இருந்தாலும் குற்றமில்லை. இவர்களிடம் ஜாதகத்தில் ஏதோ இடிக்கிறது என்று பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசி. வேப்பங்கொட்டை எண்ணெய் தேய்த்தும் உங்கள் முழங்கால் வலி குறையவில்லை என்றால் தெரிவிக்கவும், வேறு எண்ணெய் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
வே. வேலுச்சாமி.

பின்குறிப்பு: ஒட்டிய கவரைப் பிரித்து எழுதுகிறேன். கரண்டு வந்தது. தண்ணீர் மோட்டாருக்குப் போட்ட பெரிய பிளக் அடுக்களைச் சுவரில்தான் இருக்கிறது. பையன் காரை அதன் பக்கமாகத் தள்ளிக்கொண்டு வந்து, வயரைச் சொருகி சுவிட்சைப் போட்டான், காதை வைத்துக் கேட்டான், உடனே அணைத்தான். மோந்து பார்த்தான். "இதுல போட மாட்டேன் மாமா. உள்ளுக்குள்ள லூசாகிப் பொறி அடிக்குது, பிளாஸ்டிக்கு கருகிருக்கு. பக்கத்துலயே கேஸ் சிலிண்டர் நிக்குது. மொதல்ல மெயினை எறக்குங்க" என்றான். சுடலை, "ஏலே, கரண்டு மறுபடி போயிருச்சுன்னா ராத்திரிக்கும் இங்கனதான் கெடக்கணும்லே, சித்த நேரம் போட்டுக்கிடுவோம்" என்று திட்டினார். "கெடப்போம்ப்பா" என்று மட்டும் சொன்னான். நான் போய் மெயினை இறக்கினேன். அவன் சுவிட்சைக் கழற்றி என் கையில் கொடுத்தான். பின்பக்கம் முழுக்கக் கரி. அதன் பக்கத்தில்தான் உங்கள் தங்கையும் என் மகளும் இத்தனை வருஷமாக நின்று சமைத்திருக்கிறார்கள். நிறுத்துங்கள் என்று என்னிடம் ஒருவர் சொன்னது எனக்குத் தெரிந்து இதுதான் முதல் தடவை, கோபமே வரவில்லை.

மேலே எழுதியது எதையும் அவர்களிடம் சொல்ல வேண்டாம். தாய்மாமன் என்ற முறையில் நீங்கள்தான் முன்னால் நின்று நாள் குறிக்க வேண்டும், அக்காவையும் கூட்டிக்கொண்டு உடனே புறப்பட்டு வரவும். எல்லாரும் கை நனைத்துவிட்டார்கள், மச்சான். இலை போட்டது நான்தான்.