ஒரிஜினல் வேணுமாம்

பாராட்டினால் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போகிற மனிதர் டெக்சாஸ் முழுக்கத் தேடினாலும் ஒருவர்தான். பென்சில் அங்கிள். பிளானோவில் காதர் பாயின் பிரியாணிக் கடையில் தட்டு கழுவி, பின்னறையில் அரிசி மூட்டைகளோடு நான் படுத்துக்கொண்டிருந்த காலம் அது. மதியமானால் காதில் பென்சிலோடு வருவார். உள்ளூர் ஆங்கிலப் பத்திரிகையில் கார்ட்டூனிஸ்ட்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. யாரைக் கிழித்துக் கார்ட்டூன் போட்டாலும், அந்த ஆளே போன் செய்து ஒரிஜினலைக் கேட்டு வாங்கி ஆபீஸில் மாட்டிக்கொள்வார். மேயரைக் குண்டும் குழியுமான ரோடாகவே வரைந்தார் அங்கிள். மேயர் ஒரிஜினல் கேட்டார். ஒரு கவுன்சிலரைக் காசு வசூலிக்கும் டோல்வே ரோட்டோரம் உண்டியல் குலுக்க வைத்தார். அவர் ஒரிஜினலோடு ஒரு ஜெராக்ஸ் காப்பியும் கேட்டார், மாமியாருக்கு.

“வலிக்கலைடா தம்பி. வலிச்சா செவுத்துல மாட்டுவானா?” என்பார் அங்கிள்.

நம் ஆட்கள் இன்னும் மோசம். “அங்கிள், எங்க ஆனிவர்சரிக்கு ஒண்ணு டிரா பண்ணுங்க. என்னை மட்டும் கொஞ்சம் ஸ்லிம்மா,” என்பார்கள்.

ஒருநாள் பத்திரிகை கார்ட்டூனை நிறுத்துவதாகச் சொல்லிவிட்டது. வெள்ளிக்கிழமையோடு சரி.

“ஒருத்தனாவது ஒரிஜினல் கேக்காம இருக்கணும்டா. ஒருத்தன் போதும்.”

கடைசிப் படத்துக்குப் பத்திரிகை முதலாளியையே பிடித்தார். சொந்த வீட்டுச் செங்கல்லை உருவி உருவி விற்றுவிட்டு, சுவரில்லாத கூரைக்கடியில் முதலாளி சிரிக்கிறார். வெள்ளி மதியம் படம் வந்தது. அங்கிளின் போன் அடித்தது. கேட்டுவிட்டு மெதுவாக வைத்தார்.

“என்ன அங்கிள், கேஸ் போடுறாரா?” பாய் ஆசையாகக் கேட்டார்.

“ஒரிஜினல் வேணுமாம். கையெழுத்தோட.”

“ஃப்ரேம் யாரு செலவு?”

பிரியாணி ஆறியது. நான் மேசை துடைக்கப் போனேன். அங்கிள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தட்டுக்கு அடியிலிருந்த காகிதத்தை உருவித் திருப்பி வரைந்து நீட்டினார்.

கால் முளைத்த ஒரு பெட்டி. கைப்பிடி இருக்கவேண்டிய இடத்தில் என் தலை. ஒரு கால் ஏற்கெனவே வாசலுக்கு வெளியே.

ஆறாம் வகுப்பிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறவன் நான். அடுத்த ஊர் சான் ஹோசே என்று முடிவு செய்திருந்ததை யாரிடமும் சொல்லவில்லை. காது சூடானது. காகிதத்தைக் கசக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டேன்.

“வேணாமாடா?”

“வேணாம்.”

“ஒரிஜினல்டா.”

“வேணாங்குறேன்ல அங்கிள்.”

அன்றுதான் அவர் சிரித்துப் பார்த்தேன். தட்டை இழுத்துக்கொண்டார். “பாய், இன்னும் கொஞ்சம் சால்னா.”

அவர் கார் கிளம்பிய பிறகு அதைக் குப்பையிலிருந்து எடுத்தேன். இன்றும் என் பெட்டிக்குள் சால்னா கறையோடு இருக்கிறது. உங்களில் யாராவது பிளானோ பக்கம் போனால், அங்கிளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.