மாப்பிள்ளை பிய்த்த நூல்

எனக்கு உயரம் என்றால் பயம். சின்ன வயதில் இருந்து பிறகு போய்விட்ட பயம் இல்லை, இன்றைக்கும் பத்திரமாக இருக்கிற பயம். வீட்டில் பல்பு மாற்ற வேண்டுமென்றால் என் மனைவிதான் ஸ்டூலில் ஏறுவாள். நான் கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொள்வேன். (அவள் விழாமலிருக்கப் பிடிக்கிறேன் என்று வெளியில் சொல்வது. உண்மையில் எனக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும்.) இப்படிப்பட்ட ஒருவன் என்ஜினே இல்லாத விமானத்தில் ஏறி உட்கார்ந்தான் என்றால் அதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். கல்யாணம்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு இரண்டு மூன்று வருடம் கழித்து நடந்தது. எனக்கு இருபத்தாறு வயது. சிவகாசியில் ஒரு பட்டாசு கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசர். எங்கள் வீடுகளில் பெண்ணைப் பெண்கள்தான் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். மாப்பிள்ளைக்கு ஒரு போட்டோ கிடைக்கும், அதோடு சரி. எனக்கு அப்படி நாலாவதாக வந்த போட்டோ சபீனாவுடையது. விருதுநகரில் பருப்பு வியாபாரம் செய்பவரின் ஒரே மகள். முந்தைய மூன்று போட்டோக்களில் இருந்தவர்கள் அழகாகச் சிரித்தார்கள். இவள் சிரிக்கவில்லை. போட்டோ எடுத்தவரிடம் ஏதோ கணக்குக் கேட்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இந்தச் சம்பந்தமும் தட்டிப்போனால் என்ன செய்வது என்று ராத்திரியெல்லாம் புரண்டு படுத்தேன்.

சம்பந்தம் பேசியது என் அம்மாவின் தம்பி சிக்கந்தர் மாமா. மாமா பேசினால் எதுவும் குறையாது, கூடத்தான் செய்யும். சூப்பர்வைசரான என்னை மேனேஜர் ஆக்கினார். பி.காமில் இரண்டு பேப்பர் அரியர் வைத்திருந்த என்னைப் பாஸ் செய்ய வைத்தார். சிகரெட் வாசனையே ஆகாது என்றார். (பட்டாசு கம்பெனிக்குள் தீப்பெட்டியை நினைத்தாலே வேலை போய்விடும் என்பதால் நான் பஸ் ஸ்டாண்டில்தான் பிடிப்பேன்.) நான் எதையும் மறுக்கவில்லை. மாமா சொன்னதுதானே, நான் சொன்னதில்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பெண் வீட்டிலிருந்து ஒரு தகவல் வந்தது. பெண் வடக்கே படிக்கப் போன இடத்தில் கிளைடர் என்கிற, என்ஜின் இல்லாமல் காற்றிலேயே மிதக்கும் விமானத்தை ஓட்டப் பழகியிருக்கிறாள். அடுத்தவரை உட்கார வைத்து ஓட்டுவதற்கு லைசென்சும் இருக்கிறது. அவளுடைய கிளப் காரியாபட்டிப் பக்கம் ஒரு தனியார் மண் ஓடுபாதையில் பதினைந்து நாள் கேம்ப் போட்டிருக்கிறது. மாப்பிள்ளை அங்கே வரட்டும், ஒரு தடவை மேலே கூட்டிப்போய்விட்டு வந்து பதில் சொல்கிறேன் என்றாளாம். மாமா என்னைக் கேட்காமலேயே, பையன் சிங்கம், ராக்கெட்டில்கூட ஏறுவான் என்று சொல்லிவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமாவும் நானும் போய் இறங்கினோம். சபீனாவின் அத்தா, அந்தப் பருப்பு வியாபாரி, முன்னால் வந்து வரவேற்றார்.

"வாங்க மாப்பிள்ளை. சாப்பிட்டீகளா?"

சாப்பிட்டேன் என்றேன். அன்றைய முதல் பொய் அதுதான். வயிற்றில் ஏதாவது இருந்தால் மேலே போய் என்ன ஆகும் என்ற பயத்தில் முந்தின நாள் மதியத்திலிருந்தே பட்டினி. கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு பேரும் ஒரே வண்டியில் போவதைப் பற்றி அவருக்கும் யோசனை இருந்திருக்கிறது. முன்னால் ஒரு சீட், பின்னால் ஒரு சீட், நடுவில் தடுப்புப் பலகை, முன்னால் இருப்பவர் திரும்பினாலும் பின்னால் இருப்பவர் தெரியாது என்று நேரில் பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் சம்மதித்தாராம். அதை மாமாவிடம் மிகுந்த திருப்தியோடு சொல்லிக்கொண்டிருந்தார். பெண்ணைப் பார்க்க வந்த எனக்கு அது அவ்வளவு நல்ல செய்தியாகப் படவில்லை.

கிளைடர் வெயிலில் நின்றது. வெள்ளை நிறம். நீளமான இறக்கைகளில் ஒன்று தரையைத் தொட்டுக்கொண்டிருக்க, ஒருக்களித்துக் கிடந்தது. எனக்கு அது ஏற்கனவே ஒருமுறை விழுந்துவிட்டதுபோல்தான் தெரிந்தது. சபீனா தூரத்தில், ஓடுபாதைக் கோடியில் நிற்கும் என்ஜினால் கிளைடரை இழுத்து மேலே ஏற்றும் கம்பி வடத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். கிளைடருக்குப் பக்கத்தில் முத்துராஜ் என்ற ஐம்பது வயதுக்காரர் ஒருவர் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கிளைடர் கிளம்பும்போது இறக்கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுவது அவர் வேலை.

மாமா என் காதில் கிசுகிசுத்தார். "சும்மா நிக்காதலே. பிள்ள பாக்குது. ஏதாச்சும் வேலை செய்."

கைக்குட்டையை எடுத்தேன். சீட்டுகளை மூடும் பெரிய கண்ணாடிக் கூண்டைத் துடைக்க ஆரம்பித்தேன். அங்கேதான் அது இருந்தது. கண்ணாடியின் முன்பக்கம், நட்ட நடுவில், நாலு விரல் நீளத்துக்கு ஒரு சிவப்புக் கம்பளி நூல். ஒரு முனையில் செல்லோடேப் ஒட்டியிருந்தது, மறுமுனை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

இங்கே என் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பேக்கிங் சூப்பர்வைசர் என்றால் லோடு ஏறுவதற்கு முன்னால் ஒவ்வொரு பெட்டியையும் பார்க்க வேண்டும். லேபிள் நேராக இருக்கிறதா, எங்கேயாவது திரி நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று. எங்கள் ஊரில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற நூலை யாரும் நூல் என்று நினைக்க மாட்டார்கள். சீசனில் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் பெட்டிகளைப் பார்த்துப் பார்த்து, நூலைக் கண்டால் என் கை என்னைக் கேட்காமலேயே போகும். சொந்தக்காரர்களின் சட்டையில் பிசிறு தெரிந்தால்கூடப் பிய்த்துவிடுவேன்.

பிய்த்தேன். டேப்பின் பசை ஒட்டியிருந்த இடத்தை நகத்தால் சுரண்டினேன். வாயால் ஊதி, பளபளவென்று துடைத்தேன். நூலைக் கீழே போட்டேன், காற்று அதை எங்கேயோ கொண்டுபோனது. ஒரு நல்ல காரியம் செய்த நிறைவோடு நிமிர்ந்தால் சபீனா வந்துகொண்டிருந்தாள். நேரிலும் சிரிக்கவில்லை.

கிளைடரைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். கண்ணாடி முன்னால் வந்ததும் நின்றுவிட்டாள்.

"இங்கன இருந்த நூல் எங்க?"

காலையில் தானே ஒட்டியதாக முத்துராஜ் சொன்னார். ஒட்டினால் எங்கே போனது என்று கேட்டாள். அவர் கையிலிருந்த துணியை மடிக்க ஆரம்பித்தார். அந்த ஒரு முழம்கூட இல்லாத நூல்தான் வண்டி காற்றில் நேராகப் போகிறதா, பக்கவாட்டில் வழுக்குகிறதா என்று காட்டுவது என்று அவள் அவரிடம் சொன்னபோதுதான் எனக்கே விஷயம் தெரிந்தது. அத்தனை மீட்டர் முள்ளும் காட்டாததை அது காட்டுமாம். நூல் நேராகக் கிடந்தால் வண்டி நேராகப் போகிறது. ஒரு பக்கம் சாய்ந்தால் எதிர்ப்பக்கக் கால் பெடலை மிதித்து நேராக்க வேண்டும். இதையே மறந்தால் வேறு என்னவெல்லாம் மறந்தீர்களோ, நாளையிலிருந்து நீங்கள் வண்டிப் பக்கம் வர வேண்டாம், கம்பி வடத்துப் பக்கம் போங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

முத்துராஜ் தலையைக் குனிந்துகொண்டார். நான் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். அவளுடைய அத்தா பார்த்துக்கொண்டிருந்தார், மாமா பார்த்துக்கொண்டிருந்தார். என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "காத்துல போயிருக்கும்."

என் வாழ்க்கையில் நான் சொன்ன வார்த்தைகளில் என்னை இன்றுவரை கூசவைப்பது அந்த வார்த்தைதான்.

அவள் பையிலிருந்து புதுச் சிவப்பு நூலை எடுத்து ஒட்டினாள். (விருதுநகர் வெயிலுக்குள் கம்பளி நூலோடு திரிந்த ஒரே ஆள் அவளாகத்தான் இருக்கும்.) என்னை முன் சீட்டில் உட்கார வைத்து, இடுப்பிலும் தோளிலும் வார்களை இறுக்கினார்கள். பெடலில் காலை வைக்க வேண்டாம், எதையும் தொட வேண்டாம், பயமாக இருந்தால் நூலை மட்டும் பாருங்கள் என்று பின்னாலிருந்து அவள் குரல் வந்தது. பயமா, எனக்கா என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்கே விக்கல் மாதிரிதான் கேட்டது.

கம்பி இழுத்தது. முத்துராஜ் இறக்கையைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு ஓடினார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அடுத்து முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது, கால்களுக்கு நேராக வானம் இருந்தது. எனக்குத் தெரிந்த குர்ஆன் சூராக்கள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து வாயிலிருந்து வந்தன. ஏதோ சத்தத்தோடு கம்பி கழன்றுகொண்டது. பிறகு அமைதி. கீழே கண்மாய், கருவேலங்காடு, ரோட்டில் ஊர்ந்த லாரிகள் எல்லாம் தெரிகின்றன என்று அவள் சொன்னாள். நான் பார்க்கவில்லை. பெண் பார்க்கப் போய்ப் பதினைந்து நிமிடம் கம்பளி நூலைப் பார்த்த மாப்பிள்ளை இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நூல் நடுங்கியது. வண்டி திரும்பும்போது கொஞ்சம் விலகும், பிறகு நேராகும். விலகும்போதெல்லாம் எனக்கு மூச்சு நின்றது. "இடது பக்கம் போகுது," "வலது பக்கம் போகுது" என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் ஒவ்வொன்றுக்கும் "ம்" கொட்டினாள். அப்புறம், இறங்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு, சாதாரணமாகப் பேசுவதுபோல் ஆரம்பித்தாள்.

"முத்துராஜ் அண்ணன் எம்புட்டோ வருசமா எங்க கிளப்புல இருக்காக. ஒரு நாளும் நூலை மறந்தது கிடையாது. அதான் எனக்குப் புரியல."

நான் நூலை இன்னும் உற்றுப் பார்த்தேன். இடது இறக்கை சாய்ந்தது. மூக்கு வலது பக்கம் திரும்பியது. நூல் வலது பக்கமாக ஓடி, அங்கேயே ஒட்டிக்கொண்டது. காற்றின் சத்தம் மாறியது. தரை பக்கவாட்டில் ஏறி வந்துகொண்டிருந்தது.

"நூல்..." என்றேன். பின்னாலிருந்து "ம்" வரவில்லை. நூலும் திரும்பவில்லை. முடிந்தது என்று நினைத்தேன். நான் செய்த பாவம்தான் அந்த நூலில் ஏறி உட்கார்ந்திருக்கிறது, இந்தப் பொய்யோடு போய்ச் சேர்ந்தால் அங்கே என்ன பதில் சொல்வேன் என்று உடம்பெல்லாம் பதறியது.

"நான்தான் பிச்சேன். அவரு ஒட்டித்தான் வச்சிருந்தாரு. நான்தான் திரின்னு நெனச்சுப் பிச்சுட்டேன். அவர ஒண்ணும் சொல்லாதீக."

நூல் அசையவில்லை. ஒன்று போதாது போலிருக்கிறது என்று மிச்சத்தையும் எடுத்தேன். பி.காம் பாஸ் இல்லை, ரெண்டு பேப்பர் நிக்குது என்றேன். மேனேஜர் இல்லை என்றேன். பஸ் ஸ்டாண்ட், சிகரெட், தினமும் மூணு என்றேன். உயரம் என்றால் சாவு பயம் என்றேன். அது அவளுக்குப் புதுச் செய்தியாக இருந்திருக்காது.

"அம்புட்டுதானா?" என்றது குரல்.

"உங்களுக்கு அனுப்புன என் போட்டோவுல..." என்றேன், அழுகை வந்துவிட்டது. "பிரஸ்ல இருக்குற பிரெண்டு கம்ப்யூட்டர்ல ரெண்டு ஷேடு ஏத்திக் குடுத்தான். நான் அம்புட்டு சிவப்பு இல்ல."

இறக்கை நிமிர்ந்தது. நூல் நேராக வந்து கண்ணாடியோடு படிந்தது. சக்கரம் மண்ணில் மெத்தென்று உட்கார்ந்து, கொஞ்ச தூரம் உருண்டு நின்றது.

கண்ணாடியைத் திறந்ததும் நான் இறங்கவில்லை, விழுந்தேன். எழுந்து நேராக முத்துராஜிடம் போனேன். எல்லோர் முன்னாலும் நான்தான் பிய்த்தேன், உங்களுக்குத் திட்டு வாங்கிக்கொடுத்துவிட்டேன் என்று சொன்னேன். அவர் என் தோளில் கை வைத்தார்.

"தெரியும் தம்பி. நீங்க சொரண்டும்போதே பாத்துட்டேன். மாப்பிள்ளையா வந்த இடத்துல உங்களுக்கு அசிங்கமாப் போயிருமேன்னு சொல்லல."

அதைக் கேட்டதும் மறுபடி அழுதேன். மாமா வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். சபீனாவின் அத்தா தாடியைத் தடவிக்கொண்டு மகளைப் பார்த்தார். அவள் முதலில் முத்துராஜிடம் மன்னிப்புக் கேட்டாள். வண்டி எப்போதும்போல உங்கள் பொறுப்புதான் என்றாள். பிறகு அவளுடைய அத்தாவிடம், "ரெண்டு பேப்பரையும் எழுதி முடிக்கட்டும் அத்தா. அதுக்கப்புறம் நிக்காஹ் வச்சுக்கலாம்," என்றாள்.

அவ்வளவு வேகமாக யாரும் காஸ்ட் அக்கவுண்டிங் படித்திருக்க மாட்டார்கள்.

கல்யாணமாகி ஒரு வருடம் கழித்துத்தான் அவளிடம் கேட்டேன். அன்றைக்கு எதற்கு வண்டி அப்படிப் பக்கவாட்டில் போனது? உயரத்தைச் சீக்கிரம் குறைப்பதற்காக வேண்டுமென்றே அப்படி வழுக்க விடுவது உண்டு, பயப்பட ஒன்றுமில்லை என்றாள். அப்படியென்றால் அன்றைக்கு உயரம் அதிகமாக இருந்ததா என்று கேட்டேன்.

"உயரம் சரியாத்தான் இருந்துச்சு," என்றாள்.

என் மாமனார் இந்தக் கதையைச் சொல்லாத கல்யாண வீடு எங்கள் சொந்தத்தில் கிடையாது. எங்கள் வீட்டில் யாராவது எதையாவது மறைக்கிறார்கள் என்று சந்தேகம் வந்தால் யாரும் அதட்டுவதில்லை. போன வாரம் டாக்டர் எனக்கு எண்ணெய்ப் பரோட்டாவே கூடாது என்று சொன்னார். மறுநாள் சாயங்காலம் நான் வீட்டுக்குத் தாமதமாக வந்து, ராத்திரி சாப்பாடு வேண்டாம், பசியில்லை என்றேன். கல்லூரிக்குப் போகிற மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள்.

"அத்தா, கொஞ்சம் மேல போயிட்டு வருவமா?"

நான் எங்கள் வீட்டுக் கூடத்தில், தரையில் பாய் விரித்துத்தான் உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் நாலு பரோட்டா என்று சொல்லிவிட்டேன்.