மூன்று கிளாக்குகளை நான் வரிசையில் உட்கார வைத்த விவரம்

மதிப்பு மிக்கவரும், கடிதம் கிடைத்தால் பதில் போடும் வழக்கம் இல்லாதவருமான அத்தான் அவர்களுக்கு,

இங்கே நான் நலம். என் முழங்காலும் ஓரளவு நலம். அங்கே உங்கள் நலத்தையும், அக்காவின் நலத்தையும், உங்களைப் பொறுத்துக்கொள்ளும் அக்காவின் பொறுமையின் நலத்தையும் அறிய ஆவல்.

நடந்தது அத்தனையும் நான் முன்கூட்டியே சொன்னதுதான் என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன். உங்கள் மகள் பாப்பா என் வீட்டில் தங்கி இந்த வேலையில் சேர்ந்த அன்றைக்கே, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "இதுல ஒரு வரிசைத் தகராறு வரும், கடைசியில எங்கிட்டதான் வந்து நிக்கும்" என்றேன். கேட்டவர்கள் யாருக்கும் இப்போது அது ஞாபகம் இல்லையாம். அது அவர்கள் மூளையின் கோளாறு, என் வாக்கின் கோளாறு அல்ல. திரையில் படம் வரவழைப்பதெல்லாம் ஒரு வேலையா என்று சொல்லி நீங்கள் பெற்ற மகளோடு நாலு மாதமாகப் பேசவில்லை. எனக்கு மட்டும் நாலு வரி எழுதினீர்கள்: மாதக் கடைசிக்குள் வேலை நிரந்தரம் ஆகாவிட்டால் வண்டி எடுத்துக்கொண்டு வந்து பெட்டி படுக்கையோடு அவளை அழைத்துப்போய் உங்கள் நண்பரின் ஆபீசில் உட்கார வைத்துவிடுவதாக. இந்த லட்சணத்தில், நான் கை வைத்ததால்தான் அவள் வேலை ஊசலாடுகிறது என்று யாரோ உங்கள் காதில் ஓதியிருக்கிறார்கள். யார் என்று எனக்குத் தெரியும். என் மனைவி. அவள் சொன்னதில் பாதியைத் தள்ளுங்கள், மீதியை நான் விளக்குகிறேன்.

முதலில் பாப்பாவின் வேலை என்ன என்று சொல்கிறேன். எனக்கே புரிந்துவிட்டது என்றால் உங்களுக்குப் புரியாமல் போகாது. ஆஸ்பத்திரியில் படுக்கைக்குப் பக்கத்தில் கோடு கோடாக ஓடுமே ஒரு திரை, அதற்குப் பின்னால் ஒரு பச்சைப் பலகை, பலகையில் ஒரு சிப், சிப்புக்குள் திரையை மேய்ப்பதற்கென்றே ஒரு பகுதி. அதற்கு டிஸ்ப்ளே கண்ட்ரோலர் என்று பெயர். அதற்கு மூன்று கிளாக். கிளாக் என்றதும் சுவரைப் பார்க்காதீர்கள். இது மூட்டை தூக்குகிறவர்களுக்கு ஒருவர் 'ஐலசா' போடுவாரே, அந்த மாதிரி வினாடிக்கு லட்சோப லட்சம் தடவை அடிக்கிற துடிப்பு. மேலிடத்து உத்தரவைக் காதில் வாங்கிக்கொள்ள ஒரு துடிப்பு. நினைவகத்திலிருந்து படத்தை அள்ளிக்கொண்டு வர ஒன்று. அள்ளியதைப் புள்ளி புள்ளியாகத் திரையில் வைக்க ஒன்று, அதுதான் பிக்ஸல் கிளாக். ஒன்றின் துடிப்பு இன்னொன்றுக்குப் போனால் தீர்ந்தது. படுக்கையில் இருப்பவர் உயிரோடு இருந்தாலும் திரை ஒத்துக்கொள்ளாது. இந்த மூன்றையும் ஒரு கோப்பில் விவரித்து எழுத வேண்டும்: எத்தனை கிளாக், எது முதல், எது அடுத்தது, எதற்கு என்ன பெயர். அப்படி எழுதும் சட்டதிட்டத்துக்கு ஸ்கீமா என்று பெயர். ஊர் உலகத்தில் அந்தச் சிப்பை வைத்துப் பலகை செய்கிற எல்லாரும் பிறகு அந்த வரிசையைத்தான் பின்பற்றுவார்கள். ஒரு தடவை ஏற்றுக்கொண்டால் ஏற்றுக்கொண்டதுதான், பிறகு அசைக்க முடியாது.

ஏற்பதும் தள்ளுவதும் எங்கோ இன்னொரு நாட்டில் இருக்கும் ஒருவர் கையில். முகத்தை யாரும் பார்த்ததில்லை. ஆபீசில் அவருக்கு 'வாத்தியார்' என்று பெயர். பாப்பாவின் கோப்பை நாலு தடவை திருப்பி அனுப்பிவிட்டார், தடவைக்கு ஒரே வரி. "சிப்பை விவரி, உன் புரோகிராமை விவரிக்காதே" என்பது அதில் ஒன்று. நம் வீட்டில் சம்பந்தம் பேசப் போகும்போது இப்படி ஓர் ஆள் கூட இருந்திருந்தால் எத்தனையோ பொய் மிச்சமாகியிருக்கும். போதாததற்கு, சிப் கம்பெனி கொடுத்த காகிதத்தில் உள்ளபடியே எழுதியும் ஐந்து வாரமாகத் திரை அமாவாசையாகவே இருந்தது. பாப்பாவின் மேலதிகாரி ஒரு தாடிக்காரர். காகிதம் தப்பாக இருக்காது, பாப்பாதான் தப்பு என்பது அவர் கட்சி. மாதக் கடைசிக்குள் திரையும் வர வேண்டும், வாத்தியாரும் தலையாட்ட வேண்டும், அப்போதுதான் நிரந்தரம் என்று சொல்லிவிட்டார்.

இந்த நேரம் பார்த்துப் பாப்பாவின் வலது கையில் இரண்டு விரல்கள் கார் கதவில் மாட்டிக்கொண்டன. கதவைச் சாத்தியது யார் என்ற ஆராய்ச்சி இப்போது வேண்டாம். விரலில் பெரிய கட்டு. வீட்டிலிருந்தே வேலை செய் என்று பலகையையும் திரையையும் அனுப்பிவிட்டார்கள். அவை எங்கள் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டதால் நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். டைப் அடிக்க ஆள் வேண்டுமே! நான் டைப்ரைட்டிங்கில் முதல் வகுப்பு என்பது உங்களுக்குத் தெரியும். பரீட்சை அன்றைக்குக் காய்ச்சல் வந்ததால் சான்றிதழ் மட்டும் இல்லை. பாப்பா சொல்லச் சொல்ல நான் அடித்தேன். முடித்ததும் கோப்பைச் சரிபார்க்கும் புரோகிராமில் கொடுத்தோம். நாற்பத்தொன்று என்று வந்தது.

"பாத்தியா, முதல் தடவையே நாப்பத்தொண்ணு! நூத்துக்கா?"

"அது மார்க் இல்ல மாமா, தப்பு. நீங்க அடிச்சதே முப்பத்தெட்டு வரிதான்."

"அப்ப மீதி மூணு?"

"அதுதான் எனக்கும் புரியல."

விஷயம் என்னவென்றால், அந்தக் கோப்பில் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் இத்தனை இடம் விட வேண்டும் என்று கணக்கு உண்டு. நான் தாராள மனசுக்காரன், கூடவே விட்டுவிட்டேன். பாப்பா இடது கையால் ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டிருந்தாள். நடுவில் அவள் மருந்து போட எழுந்துபோனபோது நான் கோப்பைப் படித்துப் பார்த்தேன். 'பிக்ஸல் கிளாக்' என்று மொட்டையாக இருந்தது. ராப்பகலாக உழைக்கிற ஒன்றை இப்படியா அறிமுகப்படுத்துவது? இருபத்தாறு வருடம் விழா அரங்கத்தில் மேற்பார்வையாளனாக இருந்தவன் நான். மேடையில் ஒருவரையும் அடைமொழி இல்லாமல் அழைத்ததில்லை. 'மிக முக்கியமானதும், ஓய்வறியாததுமான பிக்ஸல் கிளாக்' என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சேர்த்துவைத்தேன். பாப்பா வந்தாள், தப்பு எண்ணிக்கை பூஜ்யம் என்று பார்த்தாள், சந்தோஷத்தில் மறுபடி படிக்காமல் அனுப்பிவிட்டாள். மறுநாள் வாத்தியாரிடமிருந்து பதில். வாழ்க்கையில் முதல் தடவையாக இரண்டு வரி எழுதியிருந்தார்: "எல்லா கிளாக்கும் உழைக்கத்தான் செய்கின்றன. அடைமொழியை எடு." அடுத்த நிமிடம் தாடிக்காரர் போன் பண்ணினார். பாப்பா கையில் கட்டு என்பதால் நான் எடுத்தேன்.

"யாருங்க அது, ஓய்வறியாததுன்னு எழுதினது?"

"ஏன், நல்லா இருக்கா?"

"சார், நீங்க யாரு?"

"தாய்மாமன்."

அந்தப் பக்கம் காலண்டரைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "இன்னும் ஒம்போது நாள் இருக்குன்னு அவங்ககிட்ட சொல்லுங்க" என்று வைத்துவிட்டார். பாப்பா என்னைத் திட்டவில்லை அத்தான். திட்டியிருந்தால் நான் பதிலுக்கு நாலு சொல்லி மனசு ஆறியிருக்கும். அவள் பாட்டுக்கு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். "அப்பா வந்து கூப்பிட்டா நான் போயிடுவேன் மாமா, சண்டை போடத் தெம்பு இல்ல" என்றாள். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதினால் தபால்காரருக்கே கஷ்டமாக இருக்கும்.

அப்போதுதான் நான் முழு மூச்சாக இறங்கினேன். காகிதத்தில் இருந்த வரிசையைப் பார்த்தேன்: முதலில் உத்தரவு கிளாக், அடுத்தது அள்ளி வரும் கிளாக், கடைசியில் பிக்ஸல் கிளாக். பார்த்ததுமே எனக்குச் சுருக்கென்றது. உத்தரவு போடுகிறவர் முதல் நாற்காலியில், சரி. தலைவருக்குப் பக்கத்து நாற்காலி யாருக்கு? சாமான் சுமந்து வந்தவருக்கா, மேடையில் முகம் காட்டுகிறவருக்கா? இதே தகராறில் ஒரு தடவை எங்கள் அரங்கத்தில் ஒரு பெரியவர் மாலையைக் கழற்றி வைத்துவிட்டுப் பின்வாசல் வழியாகப் போனார். நான்தான் பின்னாலேயே ஓடி, அவரை நாற்காலியோடு திருப்பிக் கொண்டுவந்தேன். அந்த அனுபவம் வீண் போகுமா? கண்ணாடியை மாட்டினேன். பிக்ஸல் கிளாக்கை இரண்டாவது இடத்துக்கு ஏற்றினேன், அள்ளி வருவதை மூன்றாவதுக்கு இறக்கினேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. சாப்பிட்டுவிட்டு வந்த பாப்பா அதையே பலகையில் ஏற்றினாள். ஐந்து வாரம் இருண்டு கிடந்த திரையில் பளீரென்று எட்டு நிறப் பட்டைகள்!

"மாமா! கோப்புல எதையாவது தொட்டீங்களா?"

"நான் எதையும் தொடலம்மா."

"திரை வந்துடுச்சு மாமா!"

"அப்ப நான்தான் தொட்டேன்."

திரை வந்தால் போதுமா? காகிதம் ஒன்று சொல்கிறது, நீ ஒன்று சொல்கிறாய், ஆதாரம் எங்கே என்று வாத்தியார் கேட்டார். ஆபீசில் கம்பி வேலை பார்க்கும் ஒருவர் உண்டு. எப்போதும் கையில் சின்னக் கம்பியைப் பிடிக்கும் சாமணம் இருப்பதால் அவருக்குப் பெயரே சாமணம். அவர் துடிப்பை அளக்கும் கருவியோடு வீட்டுக்கு வந்து, அளந்து பார்த்து, "ரெண்டாவதும் மூணாவதும் காகிதத்துல இடம் மாறி அச்சாகியிருக்குங்க" என்றார். சிப் கம்பெனிக்கு எழுதினார்கள். இரண்டு நாள் முக்கி முனகிவிட்டு, ஆமாம், அச்சுப்பிழைதான் என்று ஒத்துக்கொண்டது. வாத்தியாரிடமிருந்து ஒரே சொல் வந்தது: "ஏற்கப்பட்டது." ஆபீசே கைதட்டியதாம். தாடிக்காரர் தாடியைத் தடவிக்கொண்டு, காகிதத்தின் மேல் தனக்கும் முதலிலிருந்தே ஒரு சந்தேகம் இருந்ததாகச் சொன்னாராம். இப்படியும் சில பொய்யர்கள் இருக்கிறார்கள் அத்தான். நேற்று நிரந்தரக் கடிதம் வந்துவிட்டது. நகல் இணைத்திருக்கிறேன். முத்திரை நிஜம்தானா என்று நீங்கள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும், தாராளமாகப் பாருங்கள். இனி உலகத்தில் எவர் அந்தச் சிப்பை வைத்துத் திரை செய்தாலும் நான் போட்ட வரிசையில்தான் போட வேண்டும். மந்திரி மாறலாம், என் வரிசை மாறாது.

ஆகவே வண்டிக்குச் சொல்லியிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பாப்பாவின் விரல் மடங்கி நிமிர்கிறது. அக்காவுக்கு என் அன்பு. உங்கள் ரத்த அழுத்தம் இறங்கட்டும், என் புகழ் ஏறட்டும், இரண்டுக்கும் நடுவில் எல்லாரும் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மனைவியின் ஒரே தம்பி

பின்குறிப்பு: ஒரு சின்ன விஷயம். வரிசையை மாற்றியது நான் இல்லை. நாற்காலிக் கதையைப் பாப்பாவிடம் சொன்னது நிஜம். "இங்க யார் பெரியவங்கறது கணக்கில்ல மாமா, எந்தத் துடிப்பு எங்க போகுதுங்கறதுதான் கணக்கு" என்று சொல்லிவிட்டு அவள் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். மூன்று நாள், இடது கையால், பலகையில் ஒவ்வொரு கம்பியாகத் தொட்டுத் தொட்டு அளந்து, காகிதம்தான் தப்பு என்று அவளாகவே கண்டுபிடித்தாள். சாமணத்தைக் கூப்பிட்டது, தான் அளந்தது சரிதானா என்று இன்னொரு கண் பார்க்கட்டும் என்றுதான். அந்த மூன்று நாளும் என்னைச் சமையலறையை விட்டு வெளியே விடவில்லை. கடிதத்தில் நடந்ததை உள்ளபடியே எழுதுகிறேனே என்று அவளிடம் கேட்டேன். "வேணாம் மாமா. நான் செஞ்சேன்னு எழுதினா அப்பா 'சரி'ன்னு மடிச்சு வெச்சிடுவார். நீங்க செஞ்சதா எழுதுங்க. அது பொய்னு நிரூபிக்கறதுக்காவது எனக்குப் போன் பண்ணுவார்" என்றாள். ஆனால் என் வாயில் எந்த ரகசியம் தங்கியது, இது தங்க? உளறிவிட்டேன். இனி அவளுக்குப் போன் பண்ண வேறு ஒரு காரணத்தை நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும்.