தொட்டிக்காரரின் தலைக்கணக்கு

முதலில் ஒரு மன்னிப்பு. என் கையெழுத்து கோணல். எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுச் சாந்துச்சட்டி தூக்கப் போனவன் நான். தூக்குக்குண்டைப் பிடித்தால் சுவர் நேராக வரும். பேனாவைப் பிடித்தால் வரி கிழக்கே கிளம்பித் தென்கிழக்கில் போய் முடிகிறது. உங்கள் பத்திரிகையை வாராவாரம் எனக்கு வாசித்துக் காட்டுகிற என் மனைவிதான், "ஊரு ஒலகத்துல இருக்கறவங்களப் பத்தியெல்லாம் எழுதறாங்க. நம்ம தொட்டிக்காரரப் பத்தி நீங்க எழுதுனா என்னங்க?" என்று ஒரு வருடமாக அரித்துக்கொண்டிருந்தாள். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. காகிதத்துக்கு முன்னால் யாரும் இல்லையே என்று துணிந்துவிட்டேன்.

எங்கள் ஊரில் எத்தனை பேர் இருக்கிறோம் என்று கடவுளுக்கே சந்தேகம் வந்தாலும் அவர் தொட்டிக்காரரிடம்தான் வந்து கேட்க வேண்டும். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கேட்க வேண்டும். மோட்டார் ரூமுக்குள் செருப்புக் காலோடு அவர் யாரையும் விட்டதில்லை.

ராசிபுரத்திலிருந்து ஆட்டையாம்பட்டி போகிற வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி, கோழிப்பண்ணை வாசனையைப் பிடித்துக்கொண்டு நடந்தால் எங்கள் ஊர் வந்துவிடும். முதலில் கண்ணில் படுவது மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி. அதில் தண்ணீர் ஏற்றுவதும், தெருவுக்கு ஒரு வால்வாகத் திறந்துவிடுவதும் அவர் வேலை. அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

மற்ற ஊர்களில் தண்ணீரை மணி பார்த்து விடுவார்கள். இவர் தலை பார்த்து விடுவார். மோட்டார் ரூமின் உள்சுவரில் செங்கல் துண்டால் தெருப்பெயர்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அந்தத் தெருவில் எத்தனை தலை என்று எழுதியிருப்பார். பிள்ளை பிறந்தால் ஒன்று கூட்டுவார். பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் ஈரத்துணியால் துடைத்து ஒன்று குறைப்பார். ஆஸ்பத்திரியிலிருந்து முதல் போன் மாமியாருக்கு வராது, தொட்டிக்காரருக்கு வரும். குழந்தைத் துணி அலச மறுநாள் காலையே தண்ணீர் வேண்டுமே.

யாரும் சொல்லாவிட்டாலும் அவர் கண்டுபிடித்துவிடுவார். வால்வைத் திறந்துவிட்டு, தொட்டியின் அளவுப் பலகையில் மட்டம் இறங்குவதைக் கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு நாள் டீக்கடையில் என் பக்கத்து வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க, உங்க ஊட்டுல மூணு தலை கூடியிருக்குதே, விருந்தாளிங்களா?"

"யாருமில்லீங்களே."

"பொய் சொல்லாதீங்க. மூணு நாளா எறங்குது."

பக்கத்து வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். "துணி துவைக்கற மிசின் ஒண்ணு வாங்குனோமுங்க. அக்கம்பக்கத்துல கண்ணு வெப்பாங்கன்னு சொல்லல."

"அதுக்கு ரேசன் கார்டு இருக்குதா?"

"மிசினுக்கு எப்படீங்க இருக்கும்?"

"அப்ப அதுக்குப் பங்கும் இல்ல. கையில தொவைங்க."

அவ்வளவு கறாரான மனுசன் ஒரு விஷயத்தில் மட்டும் இளகிவிடுவார். யாராவது இறந்துபோனால் பதினாறு நாளைக்கு அந்தத் தலையைச் சுவரிலிருந்து துடைக்க மாட்டார். "இந்த வெயிலுல போனவருக்குத் தாகமெடுக்காதா?" என்பார். பதினேழாம் நாள் காலையில் ஈரத்துணியை எடுத்துக்கொண்டு போய்த் துடைத்துவிட்டு, கொஞ்ச நேரம் வெளியே வராமல் அங்கேயே உட்கார்ந்திருப்பார்.

அவருக்கும் எனக்கும் பழக்கம் ஏற்பட்டது அவருடைய தொட்டி ஒழுகியதால். ஒழுகிய இடத்தையெல்லாம் நான்தான் பூசினேன். ஒருமுறை ஏணியின் மேல் நின்று பூசிக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து கேட்டார்.

"மேஸ்திரி, ஊட்டக் கட்டறீங்களே, அதுல இருக்க ஆளுங்களையும் சேத்துக் கட்டக் கூடாதா?"

அவர் சொன்னதில் ஞாயம் இருந்தது. நான் வேலைக்கு வந்த காலத்தில் இரண்டு அறை வீட்டில் ஒன்பது பேர் இருந்தார்கள். இப்போது ஒன்பது அறை வீட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள். பையன்கள் போர் போடுகிற ரிக்கு வண்டியில் ஏறி ஆந்திராவுக்கும் அதற்கு மேலேயும் போய்விட்டார்கள். படித்ததுகள் பெங்களூரில். அங்கே சம்பாதித்து இங்கே மாடி கட்டிப் பூட்டிவிட்டுப் போகிறார்கள். பூட்டிய வீட்டுக்கு நான் பெயிண்ட் அடித்திருக்கிறேன். பூட்டிய வீட்டின் மேல் இன்னொரு மாடியும் எழுப்பியிருக்கிறேன்.

அப்படி நான் கட்டியதிலேயே பெரியது ரிக்குக்காரர் வீடு. ஊரில் பெரிய மனுசர் அவர்தான். வண்டிகள் மத்தியப் பிரதேசம் வரைக்கும் ஓடுகின்றன. மூன்று மாடி, ஆறு பாத்ரூம். இருப்பது அவரும் அவர் சம்சாரமும். தொட்டிக்காரர் இரண்டு தலைக்குத்தான் தண்ணீர் விட்டார். ரிக்குக்காரர் நேரில் வந்து சத்தம் போட்டார்.

"ஆறு பாத்ரூம் கட்டியிருக்கறனுங்க!"

"பாத்ரூமுக்குத் தாகமெடுக்காது சாமி."

"என்ற ரெண்டு பசங்க, மருமகளுங்க, பேரம்பேத்தி எல்லாம் எங்கீங்க போறது?"

"எங்க இருக்கறாங்களோ அங்கயே குடிச்சுக்கட்டும். தீவாளிக்கு வந்தா ஒரு வார்த்தை சொல்லுங்க, அன்னைக்கு நெறையா உடறேன்."

ஊருக்குள் எல்லோரும் ஜனம் குறைந்துபோச்சு என்று சொல்லிக்கொண்டிருக்க, தொட்டிக்காரர் மட்டும் கூடிக்கொண்டே போகிறது என்று சொல்லிவந்தார். அவருக்கு வயதாகிவிட்டது என்று சிரித்தார்கள். அவர் கணக்கில் கடைசி வரியாக லைன் வீடு இருந்தது. பழைய கோழிக்கொட்டாயைத் தடுத்து, ரூமுக்கு ஒரு கதவு வைத்து வாடகைக்கு விட்ட வரிசை அது. தடுப்புச் சுவர் வைத்தது நான்தான். வடக்கேயிருந்து வந்து விசைத்தறியிலும் பண்ணையிலும் வேலை செய்கிறவர்கள் ரூமுக்கு ஒரு குடும்பமாக இருந்தார்கள். ஊர் அவர்களை வேலைக்குக் கூப்பிடும். ஆனால் எண்ணாது.

இந்த நிலைமையில்தான் தொட்டியின் அடிப்பகுதியிலிருந்து ஒரு பாளம் விழுந்தது. கம்பியெல்லாம் துரு. பார்த்துவிட்டுப் போன இன்ஜினியர் அம்மா, இதை இடித்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஊரில் போதுமான ஜனம் குடியிருந்தால் புதுத் தொட்டி. இல்லையென்றால் பக்கத்து ஊர்த் தொட்டியிலிருந்து எங்களுக்கு ஒரு குழாய். நாங்கள் கடைக்கோடி. கடைக்கோடிக் குழாயில் என்ன வரும் என்று எங்களுக்குத் தெரியும். முதலில் காற்று வரும், அப்புறம் சத்தம் வரும், அதோடு நின்றுவிடும். வெள்ளிக்கிழமை வந்து வீடு வீடாக ஆளை எண்ணுவதாகச் சொல்லிவிட்டு அந்த அம்மா போனார்.

தொட்டிக்காரருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. "மேஸ்திரி, அந்த ஊரு வால்வுக்காரன் மணி பாத்து உடறவனுங்க. நம்ம ஊரு தலை அவனுக்கு எப்படித் தெரியும்?" என்று என்னிடம் பத்துத் தடவையாவது கேட்டிருப்பார்.

ரிக்குக்காரர் மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம் போட்டார். "வெள்ளிக்கிழமை ஒவ்வொரு ஊட்டுலயும் எட்டுப் பேரு இருக்கோணும். மாமன், மச்சான், பங்காளி எல்லாத்தையும் கூட்டியாங்க. சோத்துச் செலவு என்னுது. அந்த லைன் வீட்டு ஆளுங்கள மட்டும் அன்னைக்குக் கண்ணுல காட்டாதீங்க. வெளியூரு ஆளுங்களக் காட்டி ஏமாத்தறோமுன்னு அந்தம்மா நெனச்சுக்கும்."

"இருக்கறவங்கள எண்ணுனாலே போதுமுங்களே" என்றார் தொட்டிக்காரர்.

"நீங்க வால்வப் பாருங்க" என்றார் ரிக்குக்காரர்.

லைன் வீட்டு ஆட்களை விடியற்காலையில் பண்ணைக்குக் கூட்டிக்கொண்டு போய், சாயங்காலம் வரை அங்கேயே வைத்துக்கொள்கிற பொறுப்பு எனக்கு வந்தது. மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நடந்து போகும்போது சுனிதா என்ற பெண், எட்டு வருடமாகத் தறி ஓட்டுகிறவள், எங்கள் ஊர்ப் பேச்சிலேயே கேட்டாள்.

"ஏனுங்கண்ணா, இன்னைக்குத் தறிக்கு லீவுதானே? எங்களையெல்லாம் எதுக்குங்க ஓட்டிட்டுப் போறீங்க?"

கோழிகள் போட்ட சத்தத்தில் கேட்காத மாதிரி நடந்தேன். அப்போது கோழிகள் தூங்கிக்கொண்டிருந்தன.

அவர்களைப் பண்ணையில் விட்டுவிட்டு நான் ஊருக்குத் திரும்பியபோது, பண்டிகை தோற்றுவிடும் போல இருந்தது. நாமகிரிப்பேட்டையிலிருந்து இரண்டு வேனில் உறவுக்காரர்கள் வந்து இறங்கியிருந்தார்கள். பூட்டிய வீடுகளில் எல்லாம் கோலம். ரிக்குக்காரர் வீட்டில் மட்டும் முப்பது பேர். ஆறு பாத்ரூமுக்கும் அன்றைக்குத்தான் விமோசனம். வந்தவர்கள் இலவசச் சாப்பாட்டுக்கு முன்னால் இலவசமாகத் தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தார்கள்.

இன்ஜினியர் அம்மா ஒரு குடை, ஒரு நோட்டோடு வந்தார். ரிக்குக்காரர் வீட்டில் ஒருவரைப் பார்த்து, "எத்தனை வருஷமா இந்த வீட்டுல இருக்கீங்க?" என்று கேட்டார்.

"பொறந்ததுலருந்தேங்க" என்றார் அவர். வீடு கட்டி நாலு வருடம்தான் ஆகிறது. அவருக்குத் தலை நரைத்திருந்தது.

"சரி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொடுங்க."

பிறந்ததிலிருந்து அங்கேயே இருக்கிறவர் சமையலறை என்று நினைத்து ஒரு கதவைத் திறந்தார். அது பூஜை அறை. அடுத்த கதவைத் திறந்தார். உள்ளே யாரோ குளித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவழியாகக் குழாயைக் கண்டுபிடித்துத் திருகினார். காற்று வந்தது. அப்புறம் சத்தம் வந்தது. அதோடு நின்றுவிட்டது.

சாயங்காலம் வரைக்கும் வருகிற தொட்டி, காலை பத்து மணிக்கே காலி.

அந்த அம்மா நேராகத் தொட்டியடிக்கு வந்தார். பின்னாலேயே ஊர் வந்தது. "தினமும் பத்து மணிக்கே தீர்ந்துடுமா?" என்று கேட்டார்.

"ஆமாமுங்க மேடம்" என்றார் ரிக்குக்காரர்.

"இல்லீங்கம்மா" என்றார் தொட்டிக்காரர். "இவங்கெல்லாம் இன்னைக்கு வந்தவங்க."

ஊரே அவரைச் சுட்டுவிடுகிற மாதிரி பார்த்தது. ரிக்குக்காரர், "கெடுத்துட்டீங்களே, வர இருந்த தொட்டியும் போச்சே!" என்று தலையில் கை வைத்தார். தொட்டிக்காரர் யாரையும் பார்க்கவில்லை. "செருப்பக் கழட்டிட்டு உள்ள வாங்கம்மா" என்றார்.

அந்த அம்மா சுவரை வெகுநேரம் பார்த்தார். நோட்டில் கூட்டிப் பார்த்தார். "இது சரின்னா உங்களுக்குப் புதுத் தொட்டியே கிடைக்கும். ஆனா லைன் வீடுன்னு நிறைய தலை போட்டிருக்கீங்களே, நான் அங்க போனேன், எல்லாக் கதவும் பூட்டியிருந்துச்சு. எங்க அவங்க?"

தொட்டிக்காரர் வாசலுக்கு வந்து கூட்டத்தைப் பார்த்தார். அவருக்குத் தெரியாது. ரிக்குக்காரர் வானத்தைப் பார்த்தார். கடைசியில் தொட்டிக்காரரின் பார்வை என் மேல் வந்து நின்றது.

"மேஸ்திரி, எங்க அவங்க?"

என் காது சூடானது. "கோழிப்பண்ணையில இருக்கறாங்க. நாந்தான் கொண்டுபோய் உட்டேன்" என்றேன். நான் பொதுவில் பேசியது அன்றைக்கு மட்டும்தான்.

முட்டை ஏற்றுகிற வண்டியில் அவர்களைக் கூட்டிவந்தேன். இறங்க இறங்க அந்த அம்மா எண்ணினார். தொட்டிக்காரர் சுவரைப் பார்க்காமலே, "இன்னும் ரெண்டு வரோணும்" என்றார். கடைசியாகச் சுனிதா இறங்கினாள், நெஞ்சோடு அணைத்த கைக்குழந்தையோடு. "அதையும் எண்ணிக்கங்கம்மா. போன மாசம் ராசிபுரம் ஆஸ்பத்திரியில பொறந்துச்சுன்னு எனக்குப் போன் வந்துச்சு" என்றார் தொட்டிக்காரர். கணக்கு அப்படியே பொருந்தியது.

ரிக்குக்காரர் மெதுவாக வந்து, "சோறு முப்பது பேருக்கு மேலயே இருக்குதுங்க, எல்லாரும் சாப்பிட வாங்க" என்று லைன் வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டார். சுனிதா, "தண்ணி இருக்குதுங்களா?" என்று கேட்டாள். ஊரே சிரித்தது. முதலில் சிரித்தவர் ரிக்குக்காரர்.

புதுத் தொட்டி வந்தது. கான்கிரீட்டுக்குச் சென்ட்ரிங் பலகை அடித்ததிலிருந்து நான் அதில் வேலை செய்தேன். அதோடு ஒரு பெட்டியும் வந்தது. தண்ணீர் குறைந்தால் மோட்டார் தானே ஓடும், நிறைந்தால் தானே நிற்கும். இருபத்துநாலு மணி நேரமும் எல்லாத் தெருவுக்கும் தண்ணீர். தொட்டிக்காரர் கேட்டு வாங்கிய தொட்டியில் தொட்டிக்காரருக்கு வேலை இல்லை. அவர் அந்தப் பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுக்கு எண்ணத் தெரியாது, ஆனா நல்ல மனசு" என்றார்.

தனியாக இருக்கிறாரே என்று மகள் திருப்பூருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். போகிற அன்று மோட்டார் ரூமுக்கு வந்தார். ஈரத்துணியால் தான் குடியிருந்த மேக்காலத் தெரு எண்ணைத் துடைத்து, ஒன்று குறைத்து எழுதினார். அது அவருடைய தலை.

"இருக்கட்டுமேங்கண்ணா" என்றேன்.

"இங்க தண்ணி குடிக்காதவன் எப்படி மேஸ்திரி தலையாவான்? நாளைக்கு ரிக்குக்காரரு கேப்பாரில்ல?" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்.

அங்கேயும் சும்மா இருக்கவில்லை. மகள் குடியிருக்கிற அடுக்குமாடியில் எத்தனை பேர் என்று கதவு கதவாகத் தட்டிக் கேட்டிருக்கிறார். வாட்ச்மேன் போலீசைக் கூப்பிடப் போய்விட்டானாம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எனக்குப் போன் வரும். "சொகமா?" என்று கேட்க மாட்டார். "எத்தனை?" என்றுதான் கேட்பார். சொல்வேன். "சரி" என்று வைத்துவிடுவார்.

மோட்டார் ரூமுக்கு வெள்ளையடிக்கிற வேலை போன மாதம் என்னிடம் வந்தது. மூன்று சுவருக்கு அடித்தேன். நான்காவது சுவருக்குச் சுண்ணாம்பு தீர்ந்துவிட்டது என்று சொன்னேன். தீரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு செங்கல் துண்டை எடுத்து, மேக்காலத் தெரு எண்ணைத் துடைத்து ஒன்று கூட்டி எழுதினேன். எழுத்து கோணல்தான். கணக்கு சரி.

இதை எழுதி முடித்தது தை மாதம் பதினெட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அவருடைய போன் வருவதற்குக் கொஞ்சம் முன்னால்.