கண் கூசாத கடல்

பெர்சியின் முடிதிருத்தும் கடையில் ஹெஸ்ரனுக்குப் பாதித் தலைதான் முடிந்திருந்தது. மீதிப் பாதியைத் தொடாமல் பெர்சி கத்தரிக்கோலோடு சுவர்ப்பக்கம் போய்விட்டான். அன்று காலை தபால் படகில் தலைநகர் நசாவிலிருந்து வந்திறங்கிய புதுக் காலண்டர் அங்கே தொங்கியது. படகுப் போட்டிக் கமிட்டி போட்ட காலண்டர். அட்டைப் படம் ஹெஸ்ரன் எடுத்தது.

பாராட்டத்தான் போகிறான் என்று ஹெஸ்ரன் நினைத்தான். அதை வாங்கிக்கொள்வதற்கு வாகாக முகத்தில் கொஞ்சம் அடக்கத்தையும் வரவழைத்துக்கொண்டான்.

"ஹெஸ்ரன், இது என்னப்பா, தண்ணிக்குள்ள கட்டம் கட்டமா?" என்றான் பெர்சி.

வரிசையில் காத்திருந்த சைரஸ் கிழவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு எழுந்து வந்தார். படத்தில் மூக்கு முட்டுகிற வரை குனிந்து பார்த்தார். பிறகு ஒரு வார்த்தையும் பேசாமல் போய் உட்கார்ந்துவிட்டார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டு அதே மாதிரி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கடலோடிகள் ஒரே அறையில் இப்படிப் பேசாமல் இருந்தால் எல்லோரும் எதையோ மனப்பாடம் செய்கிறார்கள் என்று அர்த்தம்.

அந்தத் தீவில் சிங்கி இறால் பிடிப்பதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். தகரத் தகட்டை மரக்கட்டைகள்மேல் ஆணியடித்து, ஆழம் குறைந்த மணல் பரப்பில் இறக்கிவிட்டு வந்துவிடுவார்கள். வாடகை இல்லாத வீடு கிடைத்தது என்று சிங்கி இறால் குடும்பத்தோடு வந்து குடியேறும். சில மாதம் பொறுத்து, முங்கிப் போய்த் தகரத்தைத் தூக்கினால் அள்ளிக்கொள்ள வேண்டியதுதான். இதில் ஒரே சங்கடம், கடலுக்குப் பட்டா கிடையாது. தகரம் யாருடையதாக இருந்தாலும் முதலில் தூக்குகிறவனுக்குத்தான் இறால். அதனால் மிதவை கட்ட மாட்டார்கள், அடையாளம் வைக்க மாட்டார்கள், போட்ட இடத்தைக் கட்டிய மனைவியிடம்கூடச் சொல்ல மாட்டார்கள். போதகரிடம் எல்லாப் பாவத்தையும் ஒப்புக்கொள்கிறவர்கள்கூட இதை மட்டும் விழுங்கிவிடுவார்கள்.

ஹெஸ்ரன் கடலோடி இல்லை. கல்யாணம், ஞானஸ்நானம், சாவு, பாஸ்போர்ட் என்று ஊருக்கு வேண்டிய படமெல்லாம் எடுக்கிறவன். கமிட்டி படம் கேட்டதும், புதிதாக வாங்கியிருந்த போலரைசரை லென்ஸின் முன்னால் திருகிக்கொண்டு மேற்குக் குன்றின்மேல் ஏறினான். கருப்புக் கண்ணாடி பதித்த வளையம், பார்வைக்கு அவ்வளவுதான். ஆனால் வெயில் தோள்பக்கமாக விழும்படி நின்று அதை மெல்லத் திருப்பினால், கடல்மேல் தகதகக்கிற கூச்சமெல்லாம் துடைத்த மாதிரி போய்விடும். தண்ணீர் அடிவரைக்கும் தெரியும். ஹெஸ்ரன் அன்று நீலத்தைப் பார்த்தான், பச்சையைப் பார்த்தான், வானம் கருத்து மேகம் எடுப்பாக நிற்பதைப் பார்த்தான். அடியில் வரிசையாகக் கிடந்த சதுரங்களைத்தான் பார்க்கவில்லை. போதாக்குறைக்குப் படத்தின் ஓரத்தில் உடைந்த கலங்கரை விளக்கமும், எதிர்ப்பக்கம் ஒற்றைப் பாறையும் விழுந்திருந்தன. அந்த இரண்டும் போதும், கடலோடி கண்ணை மூடிக்கொண்டு இடத்துக்குப் போய்விடுவான்.

"யூஸ்டஸோடதுதான்," என்றார் சைரஸ் கடைசியில். "விடியறதுக்கு முன்னாடி அவன் படகு அந்தப் பக்கமாத்தான போகுது."

ஹெஸ்ரனுக்கு நாற்காலியோடு பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. கேப்டன் யூஸ்டஸ், லாவர்னின் அப்பா. லாவர்ன் ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பயிற்சிக்காக நசாவுக்குப் போயிருந்தாள். சனிக்கிழமை அவள் திரும்பி வருவதற்குள் அப்பாவிடம் பேசிச் சம்மதம் வாங்கி வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். கேப்டனோ, காலை நனைக்காமல் கரையில் நின்று கடலைப் படம் பிடிக்கிறவன் எல்லாம் ஒரு ஆண்பிள்ளையா என்று கடைத்தெருவிலேயே கேட்டவர். இப்போது அந்த ஆள் அவருடைய பிழைப்பை அச்சடித்து வீட்டுக்கு வீடு மாட்டியிருக்கிறான்.

"அது கடல் புல்லு, சைரஸ் மாமா," என்றான் ஹெஸ்ரன். "அங்கங்க திட்டு திட்டா முளைச்சிருக்கும்."

"சதுரமாவா முளைக்குது?" என்றார் சைரஸ். "அதுவும் அளவெடுத்து வச்ச மாதிரி வரிசையா?"

மீதி முடியை வெட்டிக்கொள்ளாமலே தொப்பியைப் போட்டுக்கொண்டு ஹெஸ்ரன் வெளியே வந்தான். காலண்டர்களைத் திரும்ப வாங்கிவிட்டால் தீர்ந்தது என்று தோன்றியது. புனித வெள்ளி தப்பான வாரத்தில் அச்சாகிவிட்டது, திருத்தித் தருகிறேன் என்று வீடுவீடாகச் சொல்லிக் கேட்டான். தபால் நிலையத்து அம்மாள் சபையில் கொடுத்த திருநாள் பட்டியலை எடுத்து ஒத்துப் பார்த்தாள். புனித வெள்ளி அதன் இடத்தில் சரியாக இருந்தது. பிறகு ஏன் இவன் இப்படி நாயாய் அலைகிறான் என்று ஊரே யோசித்தது. அதுவரை படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காதவர்கள் எல்லாம் காலண்டரை ஜன்னலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்கள். மதியத்துக்குள் அநேக வீட்டுச் சுவர்களில் ஆணி மட்டும் மிஞ்சியது. காலண்டரா, எங்களுக்கு வரவே இல்லையே என்றார்கள்.

காலண்டரை வாங்க முடியாவிட்டால் மூடிவிடலாம். ஹெஸ்ரன் மறுபடியும் குன்றில் ஏறினான். அதே இடத்தில் நின்று வளையத்தை எதிர்ப்பக்கம் திருப்பினான். கடல் முழுக்கத் தேய்த்துக் கழுவிய தட்டு மாதிரி பளபளத்தது, அடியில் ஒரு மண்ணும் தெரியவில்லை. அதை வீட்டிலேயே அச்செடுத்து, பசையும் கையுமாகப் புறப்பட்டு, சபைக் கூடம், மளிகைக் கடை, தபால் நிலையம் என்று பொது இடங்களில் மிஞ்சியிருந்த காலண்டர்களின்மேல் ஒட்டினான். கமிட்டியின் திருத்தம் என்று சொல்லிக்கொண்டான். கேப்டன் வீட்டில் மிஸ் ப்ரூனெல், அதுதான் லாவர்னின் அம்மா, மாட்டி வைத்திருந்ததிலும் கேப்டன் வருவதற்குள் ஒட்டிவிட்டான்.

அடுத்த நாள் பெர்சியின் கடையில் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் மாட்டியிருந்தார்கள். தலையில் முடியே இல்லாதவர்கள்கூட வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஹெஸ்ரன் எதை மூடினானோ அதுதான் சரக்கு என்பதில் இப்போது யாருக்கும் சந்தேகமில்லை.

"ஒரே குன்று, ஒரே கடல்," என்றார் சைரஸ். "ஒண்ணுல தெரியுது, ஒண்ணுல தெரியல. கேமராவுல என்னடா வச்சிருக்க?"

இந்த இடத்தில் ஹெஸ்ரன் ஒன்றும் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் இத்தனை வருடத்தில் அவன் தொழிலைப் பற்றி ஊரில் ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. வாய் சும்மா இருக்குமா? வளையத்தைக் கழற்றிக் காட்டினான். ஒளி எப்படித் தண்ணீரில் பட்டுத் தெறிக்கிறது, எந்தக் கோணத்தில் பிடித்தால் தெறிப்பு அடங்குகிறது, வெயில் நேர் எதிரே இருந்தால் ஏன் பலிக்காது என்று கைகளை ஆட்டி ஆட்டி விளக்கினான். எல்லோர் கண்ணிலும் வைத்துத் திருப்பிப் பார்க்கவும் கொடுத்தான். அன்று சாயங்காலம் படகுத்துறையில் எல்லாப் படகுகளும் பெட்ரோல் நிரப்பிக்கொண்டன.

நல்ல வேளையாக வாடைக் காற்று கிளம்பிக் கடல் கொந்தளித்தது. காற்று அடங்கும் வரை யாரும் முங்க முடியாது. அந்த இடைவெளியில் உண்மையைச் சொல்லிவிடுவது என்று ஹெஸ்ரன் முடிவுக்கு வந்தான். அடி வாங்கினாலும் தொப்பியைக் கழற்றிவிட்டு வாங்கினால் மரியாதையாக இருக்கும் என்று நினைத்தான். பாதி வெட்டிய தலை அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தொப்பியோடேயே போனான்.

கேப்டன் முற்றத்தில் படகு எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தார். கடைத்தெருப் பக்கம் அவர் போயே நாலைந்து நாள் ஆகியிருந்தது. ஹெஸ்ரன் பழைய படத்தின் பெரிய பிரதியை நீட்டி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். கேப்டன் ஸ்பேனரைக் கீழே வைத்தார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினார். கிட்டத்தில் வைத்துப் பார்த்தார், தள்ளிப் பிடித்துப் பார்த்தார். முகம் மாறியது, ஆனால் ஹெஸ்ரன் பயந்த மாதிரி மாறவில்லை.

"இது யாரோடதுன்னு பேசிக்கிறானுங்க?"

"உங்களுதுன்னுதான், கேப்டன்."

கேப்டன் படத்தை இன்னொரு தடவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சரியாத்தான் சொல்றானுங்க," என்றார். "என்னுதேதான்."

உடனே எழுந்து படகுத்துறைக்கு நடந்தார். தன் தகரத்தில் எவன் கை வைத்தாலும் அந்தக் கை மறுநாள் சோற்றுத் தட்டுக்குப் போகாது என்று அங்கே நின்றவர்கள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார். திருட்டைப் பற்றியும், அடுத்தவன் உழைப்பைத் தின்கிறவன் நரகத்தில் எந்த மூலையில் வேகுவான் என்பதைப் பற்றியும் ஒரு பிரசங்கமே செய்துவிட்டார். பின்னாலேயே வந்திருந்த ஹெஸ்ரன் தலை குனிந்து நின்றான். இவ்வளவு நல்ல மனிதருக்கு இப்படி ஒரு தீங்கு செய்துவிட்டோமே என்று வருந்தினான்.

வெயில் சாய்வதற்குள் குன்றுக்குக் கூட்டிக்கொண்டு போ, தகரத்தின்மேல் மணல் மூடிவிட்டதா என்று பார்க்க வேண்டும் என்றார் கேப்டன். இரண்டு பேரும் மூச்சு வாங்க ஏறினார்கள். கேப்டன் கேமராவில் கண்ணை வைத்து, தடித்த விரலால் வளையத்தைத் தானே இப்படியும் அப்படியுமாகத் திருப்பினார். கடல் மூடிக்கொண்டது, திறந்துகொண்டது. எந்த வரிசை பாறைக்கு நேராக வருகிறது, எது கலங்கரை விளக்கத்துக்கு இடதுபுறம் தள்ளி இருக்கிறது என்று ஹெஸ்ரனிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டார். சொந்த வீட்டுக்கு இவர் ஏன் வழி கேட்கிறார் என்று ஒரு நொடி ஹெஸ்ரனுக்குத் தோன்றியது. வயதாகிறது, ஞாபகம் தப்பும், பாவம் என்று அவனே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

"நல்ல சாமான்டா இது," என்றார் கேப்டன். அவர் எதையும் நல்லது என்று சொல்லி ஹெஸ்ரன் கேட்டதே இல்லை.

இறங்கும்போது அவன் தோளில் கை போட்டுக்கொண்டார். "லாவர்னுக்கு உன்னைப் புடிச்சிருக்குன்னு அவ அம்மா சொன்னா. தொழில் தெரிஞ்ச பையனாத்தான் இருக்க. சனிக்கிழமை சாப்பாட்டுக்கு வந்துரு, பேசி முடிச்சிரலாம்."

ஹெஸ்ரனுக்கு அழுகையே வந்துவிட்டது. திட்டு வாங்கப் போன இடத்தில் பெண் கிடைத்தது என்று யாரிடம் சொன்னால் நம்புவார்கள்?

வெள்ளிக்கிழமை விடியலில் காற்று அடங்கியது. மற்றவர்கள் எழுந்து படகைத் தள்ளும்போது கேப்டனின் படகு தண்ணீரில் விளிம்பு வரை அமிழ்ந்தபடி திரும்பி வந்துகொண்டிருந்தது. கேப்டனின் மிரட்டலை மறந்துவிட்டு முங்கியவர்களுக்கு வெறும் தகரமும் இரண்டு நண்டும்தான் அகப்பட்டன. வாங்க வந்த வியாபாரிகளுக்கு அள்ளிப் போட்டது போக, கேப்டன் நல்ல பெரியதாகக் கொஞ்சத்தை வீட்டுக்கு நிறுத்திக்கொண்டார்.

சனிக்கிழமை மேசை நிறையச் சாப்பாடு. மிஸ் ப்ரூனெல் சிங்கி இறாலைத் தக்காளியும் மிளகாயும் போட்டுக் குழம்பாக்கி, பட்டாணிச் சோறு வைத்து, கொய்யாப் பழத்தை மாவில் சுருட்டிய இனிப்பையும் அவித்திருந்தாள். இருக்கிறதிலேயே பெரிய வாலை எடுத்துக் கேப்டன் தன் கையாலேயே ஹெஸ்ரனின் தட்டில் வைத்தார். விமான நிலையத்திலிருந்து நேராக வந்த லாவர்ன் அதைப் பார்த்துத் திகைத்துப் போனாள். சம்மதம் கிடைத்துவிட்டது என்று அம்மா காதில் சொன்னதும், மேசைக்கு அடியில் ஹெஸ்ரனின் கையைப் பிடித்து அழுத்தினாள். இந்த ஒரு வாரம் பட்ட பாடெல்லாம் அந்த அழுத்தத்திலேயே ஹெஸ்ரனுக்கு மறந்துவிட்டது.

"இந்த வருஷம் யாருக்குமே சரியா இறால் படலைன்னாங்களே. இவ்வளவு பெருசு எங்க கிடைச்சுதுப்பா?" என்றாள் லாவர்ன், ரசித்துச் சாப்பிட்டபடி.

பழைய இடம்தான் என்று கேப்டன் வாய்க்குள் முனகினார். அவர் தன்னடக்கத்தால் சொல்லத் தயங்குகிறார் என்று ஹெஸ்ரனுக்குப் பட்டது. அவனே ஆரம்பித்தான். காலண்டர், பெர்சியின் கடை, புனித வெள்ளி, பசை எல்லாவற்றையும் நடித்தே காட்டினான். தொப்பியைக்கூடக் கழற்றிக் காட்டினான். லாவர்ன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கடைசியில் அவன் பெரிய படத்தை எடுத்து, கிண்ணங்களைத் தள்ளிவிட்டு, அவள் முன்னால் விரித்தான்.

"பாரு, உங்கப்பா போட்டு வச்சதெல்லாம் எப்படித் தெளிவா விழுந்திருக்கு."

லாவர்ன் படத்தைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். கேப்டன் தண்ணீர்க் குவளையைத் தேடிக்கொண்டிருந்தார், அது அவர் கையிலேயே இருந்தது.

"அந்தத் தகரமெல்லாம் லீவு நாள்ல யாருக்கும் தெரியாம நான் ஒவ்வொண்ணா கொண்டுபோய்ப் போட்டதுப்பா," என்றாள் லாவர்ன், "இவரு கேமராவை நம்பிக் குடித்தனம் பண்ண முடியாதுன்னு."